கம்பு கையில், கணக்கு காலில்

போன இதழில் ஆடி மாதம் கூழ் ஊற்றும் ஊர்வலத்தில் கம்பு சுற்றிக்கொண்டு போகும் பிள்ளைகளைப் பற்றி எழுதியிருந்தேன். அதற்கு வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் சுற்றிச் சுற்றி ஒரே கேள்விதான்: எப்போது ஒரு ஆள் 'மாஸ்டர்' ஆகிறார்? கொருக்குப்பேட்டையில் 28 வருடமாகச் சிலம்பம் சொல்லிக்கொடுக்கிறேன், அதற்கு முன் 11 வருடம் ஒரே வாத்தியாரிடம் கற்றுக்கொண்டேன். அந்த அனுபவத்திலிருந்து சொல்கிறேன்.

"என் பையனுக்கு 10 வயது. எட்டு மாதமாகச் சிலம்பம் போகிறான். மூன்று மாதத்துக்கு ஒரு முறை பெல்ட் தேர்வு, ஒவ்வொரு கலருக்கும் தனியாகப் பணம். இரண்டு வருடத்தில் பிளாக் பெல்ட், அப்புறம் அவனே சொல்லிக்கொடுக்கலாம் என்கிறார்கள். நம்பலாமா அண்ணா?" – ஒரு தாய், தண்டையார்பேட்டை

நம்ப வேண்டாம் தங்கச்சி.

நம் சிலம்பத்தில் பெல்ட் என்பதே கிடையாது. அது ஜப்பான் வழக்கம். 1882-ல் ஜிகோரோ கானோ என்பவர் ஜூடோவை ஆரம்பித்தார். மாணவர்களைப் படி பிரித்துப் பார்க்க அவர் கொண்டுவந்த ஏற்பாட்டில்தான் கறுப்பு பெல்ட் வந்தது, பிறகு அது கராத்தேக்கும் போனது. அந்த முதல் கறுப்பு பெல்ட் நிலைக்கு அங்கே 'ஷோடான்' என்று பெயர். தொடக்கப் படி என்று அர்த்தம். அதாவது அதைக் கட்டியவனுக்கு அடிப்படை வந்துவிட்டது, இனிமேல்தான் நிஜமான பாடம். நம் தெருவுக்கு வந்து சேர்வதற்குள் அதுவே கடைசிப் படி என்று ஆகிவிட்டது.

மாதக் கட்டணம் வாங்குவதை நான் குறை சொல்ல மாட்டேன். வாத்தியாருக்கும் வீடு, பிள்ளைகள் இருக்கிறார்கள், இடத்துக்கு வாடகை கொடுக்க வேண்டும். ஆனால் கலருக்குக் கலர் பணம் வாங்க ஆரம்பித்துவிட்டால் அந்த வாத்தியாரால் ஒரு பிள்ளையைக்கூட 'உனக்கு இன்னும் வரவில்லை, அடுத்த தடவை பார்க்கலாம்' என்று திருப்பி அனுப்ப முடியாது. அங்கேதான் கெடுகிறது. தப்பாகச் செய்பவனிடம் தப்பு என்று சொல்ல முடியாதவர் எதைச் சொல்லிக்கொடுப்பார்?

ஒரு நாள் சாயங்காலம் நீங்களே போய் ஓரமாக உட்கார்ந்து பாருங்கள். பிள்ளைகளுக்கு நடுவில் கம்பு எட்டாத அளவு இடைவெளி விட்டு நிறுத்துகிறார்களா, பையன் தப்பு செய்தால் வாத்தியாரின் கண் அவன் கைக்குப் போகிறதா காலுக்குப் போகிறதா என்று கவனியுங்கள். காலைப் பார்க்கிறவர் என்றால் பெல்ட் விஷயத்தைப் பேசித் தீர்த்துக்கொண்டு அங்கேயே விடலாம். அப்புறம் வீட்டில் ஒன்று செய்யுங்கள். கூடத்தில் டைல்ஸ் போட்டிருந்தால் ஒரு கல்லின் மேல் பையனை நிறுத்தி, கம்பு இல்லாமல், குனிந்து பார்க்காமல், நாலு திசைக்கும் மெதுவாகக் காலடி போட்டுவிட்டு அதே கல்லுக்குத் திரும்பி வரச் சொல்லுங்கள். எட்டு மாதப் பிள்ளை ஒரு கல் முன்னே பின்னே வந்தால் பரவாயில்லை, நன்றாகவே கற்றிருக்கிறான். சுவரில் போய் இடித்தான் என்றால் அவன் சுற்றத்தான் கற்றிருக்கிறான், நிற்கக் கற்கவில்லை.

"ஆறு வருடமாக ஒரே வாத்தியாரிடம் இருக்கிறேன். இன்னும் காலடியையே திருத்துகிறார். என்னோடு ஆரம்பித்தவர்கள் வேறு இடம் போய் சுருள்வாள், தீப்பந்தம் எல்லாம் எடுத்து வீடியோ போடுகிறார்கள். இவர் தெரிந்ததை ஒளித்து வைக்கிறாரோ என்று தோன்றுகிறது. நான் எப்போது மாஸ்டர் ஆவது?" – 24 வயது, காசிமேடு

தம்பி, ஒளிக்கிற வாத்தியார்கள் இருக்கிறார்கள். இல்லை என்று நான் சொன்னால் அது பொய். தனக்குப் போட்டியாக வந்துவிடுவான் என்று கடைசிப் பூட்டை, அதாவது எதிராளியை மடக்கும் பிடியை, சொல்லாமலே செத்துப்போனவர்களைப் பார்த்திருக்கிறேன், அவர்களோடு அந்தப் பூட்டும் போய்விட்டது. ஆனால் ஒளிக்கிறவர் உன் காலைத் திருத்த மாட்டார். சும்மா விட்டுவிடுவார். ஆறு வருடம் கழித்தும் ஒருவர் உன் பின்னங்கால் எங்கே விழுகிறது என்று பார்த்துக்கொண்டிருக்கிறார் என்றால் அவர் உன்மேல் இன்னும் சலிப்படையவில்லை.

எனக்கு 19 வயதில் உன் யோசனைதான். ஒரு ஆடித் திருவிழா, தெரு முழுக்கக் கூட்டம், மேளம். நானும் கூடப் படித்தவனும் எதிரெதிரே சுற்றிக்கொண்டிருந்தோம். கைதட்டல் கேட்டதும் பாடத்தில் இல்லாத ஒரு வெட்டை வேகமாக இறக்கினேன். முன்கால் ஒரு சாண் அதிகமாகப் போய்விட்டது, அவ்வளவுதான். அவன் புருவம் பிளந்து 4 தையல். ஒரு விரற்கடை கீழே இறங்கியிருந்தால் கண். இன்றைக்கும் அவனைப் பார்க்கும்போது முதலில் அந்தத் தழும்பைத்தான் பார்க்கிறேன். வாத்தியார் என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. அவனை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய்விட்டு வந்து, மறுநாள் என் கம்பை வாங்கிச் சுவரில் சாய்த்துவிட்டார். 5 மாதம் கம்பு இல்லை, வெறும் காலடி. அவமானமாக இருந்தது. மூன்றாவது மாதத்தில்தான் எனக்குப் புரிந்தது.

என்ன புரிந்தது என்றால், ஐந்தரை அடிக் கம்பைச் சுற்றும்போது உன் கை போகிற வேகம் வேறு, நுனி போகிற வேகம் வேறு. நுனி பல மடங்கு வேகத்தில் போகும். அந்த நுனியை மணிக்கட்டால் இழுத்து நிறுத்த முடியாது, முயற்சி செய்தால் மணிக்கட்டுதான் போகும். உடம்பு பாரம் பின்னங்காலுக்கு மாறினால் கம்பு தானாக நிற்கும். ஆக, அடிக்கிறது கைதான் என்றாலும் நிறுத்துவது கால். காலடி தெரியாதவன் அடிப்பான், ஆனால் அடிக்காமல் இருக்க அவனுக்குத் தெரியாது. சுருள்வாள் இதைவிட மோசம். அந்தத் தகடு வளைந்து திரும்பி வரும், கால் தப்பான இடத்தில் இருந்தால் எதிராளியை அல்ல, உன் கெண்டைக்காலையே கிழிக்கும்.

மெதுவாகப் போவது நம் ஊர் வழக்கம் மட்டும் இல்லை. கராத்தே பிறந்த ஓகினாவாவில் ஒரு 'கட்டா'வுக்கு, அதாவது நம் வரிசை மாதிரி அடுத்தடுத்துச் செய்யும் அசைவுகளின் தொகுப்பு ஒன்றுக்கு, 3 வருடம் என்று பழைய ஆசான்கள் வைத்திருந்தார்கள். 1922-ல் அங்கிருந்து டோக்கியோ போய்க் கராத்தேயைப் பரப்பிய ஃபுனகோஷி அப்படித்தான் வளர்ந்தார். கெண்டோ என்கிற வாள் கலையில் எட்டாவது டான், அதாவது எட்டாம் படித் தேர்வு எழுதவே 46 வயது ஆகியிருக்க வேண்டும், ஏழாவது டான் வாங்கி 10 வருடம் போயிருக்க வேண்டும். அப்படி வருகிறவர்களிலும் நூற்றுக்கு ஒருவர்தான் தேறுகிறார், அதுவே பெரிது. தோற்றவர்கள் அடுத்த தேர்வுக்கு மறுபடி வந்து நிற்கிறார்கள், 60, 70 வயதுக்காரர்கள் கூட.

எப்போது மாஸ்டர் என்று கேட்டாய். நான் வைத்திருக்கும் அளவுகோல் ஒன்றுதான். நேற்று சேர்ந்த ஒரு பையன் கையில் கம்பைக் கொடுத்து, தாறுமாறாக வீசச் சொல். புதியவன்தான் ஆபத்து, அவன் கம்பு எங்கே வரும் என்று அவனுக்கே தெரியாது. அவன் எதிரில் 5 நிமிடம் நின்று, நீயும் அடி வாங்காமல், அவன்மேலும் ஒரு கீறல் விழாமல், கடைசியில் அவன் கம்பு உன் கையில் இருக்க வேண்டும். அவன் பயந்து போகாமல் சிரித்துக்கொண்டே வீட்டுக்குப் போக வேண்டும். அப்போது வா, பேசலாம். அதுவரைக்கும் உன் வாத்தியாரிடம் கேட்டு, நாலு சின்னப் பிள்ளைகளுக்கு ஒரு மாதம் காலடி சொல்லிக்கொடுத்துப் பார். உன் காலில் என்ன குறை என்று அந்தப் பிள்ளைகளின் காலில் தெரியும். அவை உன்னைப் பார்த்துத்தானே வைக்கும்.

"ஒரு மாத வகுப்பில் 108 வர்மமும் கற்றுத்தருவதாக ஒரு நோட்டீஸ் பார்த்தேன். சேரலாமா மாஸ்டர்?" – புளியந்தோப்பு

வேண்டாம். வர்மம் என்பது உடம்பில் உள்ள உயிர்நிலை இடங்கள். 108-ல் படு வர்மம் 12, தொடு வர்மம் 96 என்று கணக்கு. இடத்தின் பெயரை மனப்பாடம் செய்ய ஒரு மாதம் போதும், தொட்டு அறிய வருடங்கள் ஆகும். வர்மம் பாதிக்கு மேல் வைத்தியம். அடிபட்டவனை எழுப்பும் இளக்குமுறை தெரியாமல் அடியை மட்டும் கற்பது கதவைப் பூட்டிவிட்டுச் சாவியைக் கடலில் போடுவது போல. நோட்டீஸ் கொடுத்தவரிடம் இளக்குமுறையை யாரிடம், எத்தனை வருடம் கற்றார் என்று கேளுங்கள்.

"கல்லூரி இரண்டாம் வருடம் படிக்கிறேன். மோதல் பயிற்சியில் பையன்கள் என்னோடு ஜோடி சேர மாட்டார்கள், சேர்ந்தாலும் சும்மா தட்டிவிட்டுப் போகிறார்கள். மாஸ்டரும் என்னைத் தனியாகச் சுற்றிக் காட்டும் அலங்காரச் சிலம்பத்துக்கே நிறுத்துகிறார். நான் என்ன செய்வது?" – வியாசர்பாடி

இதைப் படித்ததும் எனக்குக் கோபம்தான் வந்தது அம்மா. உன்மேல் இல்லை, அந்த மாஸ்டர்மேல். பையன்கள் ஒதுங்குவது ஒரு பக்கம் இருக்கட்டும், ஜோடி போட்டு நிறுத்த வேண்டியது அவர் வேலை. நேராகப் போய்க் கேள்: 'எனக்கும் மோதல் வேண்டும், வாரத்துக்கு இரண்டு நாள்.' நீ கட்டும் பணமும் அதே பணம்தானே.

அவர் அடிபடும் என்று பயந்தால் பழைய முறை ஒன்று இருக்கிறது, அதைச் சொல். கம்பு நுனியில் பொடியைத் தடவிக்கொண்டு விளையாடுவது. உடம்பில் எத்தனை இடத்தில் கறை விழுந்திருக்கிறது என்று பிறகு எண்ணுவார்கள். தொட்டால் போதும், அடிக்க வேண்டியதில்லை. தலைக்கவசம் கட்டாயம். நான் இப்படி விட்டுப் பார்த்திருக்கிறேன், வலுவை நம்பி வருகிற பையன்களின் சட்டையில்தான் அதிகக் கறை இருக்கும்.

அலங்காரச் சிலம்பம் ஒன்றும் தாழ்ந்தது இல்லை, மூச்சும் தோளும் அதில்தான் வளரும். ஆனால் அது மட்டும் போதும் என்று உனக்காக வேறு யாரும் முடிவு செய்யக் கூடாது. கேட்டும் நடக்கவில்லை என்றால் இடத்தை மாற்று.

"சிலம்பத்துக்கு அரசு வேலை உண்டா?" – ஆர்.கே. நகர்

விளையாட்டு வீரர்களுக்கான 3 சதவீத ஒதுக்கீட்டில் சிலம்பத்தையும் 2021-ல் தமிழக அரசு சேர்த்தது. 2024 ஜனவரியில் தமிழ்நாட்டில் நடந்த கேலோ இந்தியா இளைஞர் போட்டியில் டெமோ விளையாட்டாகவும் இருந்தது. முதலமைச்சர் கோப்பையிலும் உண்டு. ஆனால் எல்லாச் சான்றிதழும் செல்லாது. எந்தப் போட்டி, எந்தச் சங்கம் கணக்கில் வரும் என்று தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தின் மாவட்ட அலுவலகத்தில் முதலில் கேட்டுக்கொண்டு, பிறகு போட்டிக்குப் பணம் கட்டுங்கள்.

"நம் வடசென்னை என்றால் பாக்ஸிங்தான். சிலம்பம் தென்மாவட்டத்துக் கலை, அதை ஏன் இங்கே தூக்கிப் பிடிக்கிறீர்கள்?" – ராயபுரம்

என் அப்பா பாக்ஸிங் பார்க்கத் தோளில் தூக்கிக்கொண்டு போன பிள்ளை நான், எனக்கு அந்தப் பெருமை உண்டு. வெள்ளைக்காரர்கள் கொண்டுவந்த விளையாட்டைத் துறைமுகத்திலும் மில்லிலும் உழைத்த ஜனங்கள் தங்களுடையதாக ஆக்கி, இடியாப்பப் பரம்பரை, சார்பட்டா பரம்பரை என்று குடும்பம் போல வளர்த்தார்கள். சார்பட்டாவின் கித்தேரி முத்து பெயரைச் சொன்னால் இங்கே பெரியவர்கள் முகம் இன்றும் மலரும். ஆனால் அதே ஜனங்களின் கோயில் ஊர்வலத்திலும் பொங்கலிலும் சாவு ஊர்வலத்திலும் கம்பு சுற்றிக்கொண்டுதான் இருந்தது. தெற்கிலிருந்து பிழைக்க வந்தவர்கள் துணி மூட்டையோடு கம்பையும் கொண்டுவந்தார்கள். என் வாத்தியாரும் அப்படி வந்தவர்தான். என்னிடம் வரும் பாக்ஸிங் பையன்களுக்குக் காலடி சீக்கிரம் வருகிறது, தோள் இறுக்கம் விடுவதற்குத்தான் நாளாகிறது. இரண்டையும் கற்கட்டும், என்ன குறைந்துவிடும்?

"எனக்கு 47 வயது, முட்டியில் லேசாக வலி. மகளைச் சேர்க்கப் போகிறேன், நானும் சேரலாமா? கம்பு எப்படிப் பார்த்து வாங்குவது?" – எண்ணூர்

தாராளமாகச் சேருங்கள் சார். முதலில் முட்டியை டாக்டரிடம் காட்டிவிட்டு வாருங்கள். தாழ்ந்து உட்காரும் நிலைகள், குதிக்கும் சுற்றுகள் வேண்டாம் என்று வாத்தியாரிடம் முதல் நாளே சொல்லிவிடுங்கள். சிமென்ட் தரையைவிட மண் தரை நல்லது. மொட்டை மாடியில் பழகுவதாக இருந்தால் மேலே கரன்ட் கம்பி போகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள், நம் தெருக்களில் அது கைக்கு எட்டும் உயரத்தில்தான் போகிறது.

கம்பு உங்கள் நெற்றிப் பொட்டு உயரம் இருக்க வேண்டும். மகளுக்கு மகளின் நெற்றி உயரம், உங்கள் கம்பை அவளுக்குக் கொடுக்காதீர்கள். ஆரம்பத்துக்குப் பிரம்பு நல்லது, லேசு, பட்டாலும் அவ்வளவாக வலிக்காது. கல் மூங்கில் பிறகு பார்த்துக்கொள்ளலாம். வாங்கும்போது தரையில் உருட்டிப் பாருங்கள், வளைந்த கம்பு துள்ளும். கணு எல்லாம் இழைத்து மழமழவென்று இருக்க வேண்டும், இல்லையென்றால் உள்ளங்கை கிழியும். மாதம் ஒரு தடவை எண்ணெய் தடவி நிழலில் படுக்க வையுங்கள், சுவரில் சாய்த்தால் நாளாவட்டத்தில் வளையும். கீறல் விட்டு நார் கிளம்பிய கம்பை அன்றைக்கே தள்ளிவிடுங்கள். மகள் வளர வளர இரண்டு வருடத்துக்கு ஒரு கம்பு மாற்ற வேண்டியிருக்கும், பழையதைத் தூக்கிப் போடாமல் அவள் வகுப்பில் அடுத்துச் சேரும் சின்னப் பிள்ளைக்குக் கொடுங்கள்.