குதிரைமயிர்த் தூரிகை – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

சவரக் கருவிகளைப் பற்றித் தாங்கள் எழுதிய குறிப்பைப் படித்தபின் முகத்தில் சோப்பு நுரை கட்டும் குதிரைமயிர்த் தூரிகை ஒன்றை நானே செய்து பார்த்தேன். அடிவாரத்தில் குதிரைவண்டி ஓட்டும் நண்பர் தம் குதிரையின் வாலைச் சீர்செய்தபோது வெட்டிய மயிரைக் கொடுத்தார். அதை ஷாம்பு போட்டு அலசி, ஏழு சென்டிமீட்டர் துண்டுகளாக நறுக்கி, நூலால் கட்டி, அடியில் இரு குழாய்களைக் கலந்து பூசும் அரால்டைட் பசை இட்டு, கடைசல் பட்டறையில் செய்து வாங்கிய தேக்குப் பிடியில் பொருத்தினேன். பார்க்க அழகாக இருக்கிறது. ஆனால் கன்னத்தில் வைத்தால் துடைப்பத்தால் தேய்ப்பதுபோல் குத்துகிறது. ஒவ்வொரு முறையும் பத்துப் பதினைந்து மயிர் உதிர்கிறது. நாட்பட்டால் மென்மையாகுமா? கத்தரியால் நுனியைச் சமப்படுத்தலாமா? ஒரு தூரிகை தேறியது என்று எப்படிச் சோதித்து அறிவது?

ம. சு., பழனி

அன்புள்ள ம. சு.,

தங்கள் கேள்விகளுக்கு வருமுன், தாங்கள் கேட்காத ஒன்றைச் சொல்ல வேண்டியிருக்கிறது. அந்த மயிரை ஷாம்புவில் அலசியதாக மட்டுமே எழுதியிருக்கிறீர்கள், அது போதாது. முதல் உலகப்போர்க் காலத்தில், உயர்ந்த சவரத் தூரிகைகளுக்குப் பயன்படும் பேட்ஜர் என்னும் வளைவாழ் விலங்கின் மயிர் வரத்து தடைபட்டபோது, குதிரைமயிருக்குச் சாயமேற்றி அதைப்போலத் தோன்றச்செய்து விற்பது பெருகியது. சீனாவிலிருந்தும் சைபீரியாவிலிருந்தும் வந்த சுத்திகரிக்கப்படாத மயிராலும் ஜப்பானில் மலிவாகச் செய்யப்பட்ட தூரிகைகளாலும் 1915 முதல் பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் போர்வீரர்களும் பொதுமக்களும் முகத்திலும் கழுத்திலும் ஆந்த்ராக்ஸ் கண்டு துன்புற்றனர், சிலர் இறந்தனர். நம் ஊர்க் கால்நடை மருத்துவர்கள் அடைப்பான் என்று சொல்வது இந்த நோயைத்தான். சவரக்கத்தி விட்டுச்செல்லும் கண்ணுக்குத் தெரியாத கீறலே கிருமிக்கு வாசலாகிவிடுகிறது. 1920இல் பிரிட்டன் ஜப்பானியத் தூரிகைகளின் இறக்குமதியையே தடைசெய்தது.

தங்களை அச்சுறுத்துவதற்காக இதைச் சொல்லவில்லை. அன்று நோயைக் கொண்டுவந்தது எங்கோ செத்த, யாருக்கும் தெரியாத விலங்குகளின் மயிர். தங்களிடம் இருப்பதோ கண்ணெதிரே வண்டி இழுக்கும் குதிரையின் மயிர். இரண்டையும் ஒன்றாக வைத்து எண்ண வேண்டியதில்லை. ஆயினும் அடைப்பான் கிருமியின் வித்துகள் (கடினமான உறைக்குள் உறங்கும் நிலையில் உள்ள கிருமிகள்) மண்ணில் பல பத்தாண்டுகள் உயிர்ப்போடு கிடக்கக்கூடியவை; குதிரையின் வாலோ நாள் முழுவதும் அந்த மண்ணைத் தொட்டுக்கொண்டிருப்பது. ஆகவே தங்கள் தூரிகையை இனி முகத்தில் வைக்காதீர்கள். வலியில்லாமல் கருத்த பொருக்குடன் புண் ஏதேனும் தோன்றினால், குதிரைமயிரைக் கையாண்ட செய்தியையும் சேர்த்து மருத்துவரிடம் சொல்லுங்கள்.

அடுத்த முறைக்கான சுத்திகரிப்பு இது. மயிரைச் சீவுவதற்கு முன்பே இதைச் செய்துவிட வேண்டும். ஏனெனில் சீவும்போது எழும் தூசி மூச்சில் போவது, தோலில் படுவதைவிடக் கொடியது. இங்கிலாந்தின் பிராட்ஃபோர்டில் கம்பளி பிரிக்கும் தொழிலாளர்கள் அப்படித்தான் மாண்டார்கள். கையுறை அணிந்து, வாஷிங் சோடாவும் சோப்பும் கரைத்த வெதுவெதுப்பான நீரில் முதலில் ஊறவைத்து அலசுங்கள். அழுக்கும் எண்ணெய்ப் பிசுக்கும் ஒட்டியிருந்தால் அவற்றின் மறைவில் வித்துகள் தப்பிவிடும். பிறகு மயிரை மெல்லிய துணியில் தளர்வாகச் சுற்றி, பழைய பிரஷர் குக்கரில் நீருக்கு மேலே தட்டில் வைத்து, வெயிட் போட்டு, முழு அழுத்தம் வந்தபின் அரைமணி நேரம் சிறுதீயில் விடுங்கள். மருத்துவமனைகளில் கருவிகளை 121 டிகிரி செல்சியஸ் நீராவியில் சுத்திகரிக்கிறார்கள். நம் வீட்டுக் குக்கர் ஏறக்குறைய அந்த வெப்பத்தைத் தொடுகிறது. மயிரின் பளபளப்பு சற்றுக் குறையும். அதற்காக வருந்த வேண்டியதில்லை.

இனி தங்கள் கேள்விகள். நாட்பட்டால் மென்மையாகுமா என்றால், ஆகாது. தூரிகையின் மென்மை மயிரின் இயற்கையான நுனியில் இருக்கிறது. மயிர் நுனியை நோக்கி மெலிந்துகொண்டே போவதால் அது கன்னத்தில் பட்டதும் வளைந்து கொடுக்கிறது. நறுக்கிய துண்டின் முனையோ அடிப்பகுதியின் அதே தடிமனில், விளிம்போடு நிற்கிறது. ஒரு முழம் நீளமுள்ள வால்மயிரை ஏழு சென்டிமீட்டராக நறுக்கினால் கிடைக்கும் ஆறு துண்டுகளில் ஒன்றுக்கு மட்டுமே நுனி உண்டு. மற்ற ஐந்தும் முட்கள். தங்கள் தூரிகையில் பெரும்பாலானவை அந்த ஐந்தின் இனம்தான். கத்தரியால் சமப்படுத்தினால் எஞ்சியிருக்கும் கொஞ்ச நுனியும் போய்விடும். பல ஆண்டுகளுக்குமுன் இதே பிழையைச் செய்துவிட்டு, நுனிகளை நுண்ணிய உப்புத்தாளில் மணிக்கணக்கில் தேய்த்துப் பார்த்திருக்கிறேன். குத்தல் பாதி குறைந்தது. மீதிப் பாதியோடு யாரும் சவரம் செய்துகொள்ள மாட்டார்கள்.

இன்னொன்று, வால்மயிர் பிடரிமயிரைவிடத் தடித்தது. கணக்காகவே பார்க்கலாம். குஞ்சத்தின், அதாவது கட்டிய மயிர்க்கற்றையின், அடி விட்டம் 22 மில்லிமீட்டர் என்றால் பரப்பு ஏறத்தாழ 380 சதுர மில்லிமீட்டர். அதில் மூன்றில் இரண்டு பங்கு மயிர் என்று கொண்டால், 0.2 மில்லிமீட்டர் தடிமனுள்ள வால்மயிர் எட்டாயிரம் பிடிக்கும், 0.1 மில்லிமீட்டர் தடிமனுள்ள பிடரிமயிர் முப்பதாயிரத்துக்கு மேல் பிடிக்கும். ஒரே அளவுக் குஞ்சத்தில் நான்கு மடங்கு நுனிகள் தோலைத் தொடுகின்றன. நுரையைத் தாங்கும் இடுக்குகளும் அதற்கேற்பப் பெருகுகின்றன. வயலின் வில்லுக்கான மயிரை வாங்கிச் செய்யலாமா என்று வேறொரு நண்பர் முன்பு கேட்டிருந்தார். ஒரு வில்லில் இருப்பது 150 முதல் 200 மயிர்தான். அதிலும் நுனி வெட்டப்பட்டிருக்கும். அந்த வழியை இதே கணக்கு அடைத்துவிடுகிறது.

அதற்காக வால்மயிரை முற்றிலும் தள்ளிவிட வேண்டாம். பிடரிமயிர் மட்டுமே கொண்ட தூரிகை நனைந்ததும் துவண்டுவிடும். சோப்பைக் குழைக்கும் விறைப்பு அதற்குப் போதாது. ஸ்பெயின் நாட்டுத் தூரிகைகளில் இரண்டையும் கலப்பதற்குக் காரணம் இதுதான். நான் இப்போது பயன்படுத்துவதில், குஞ்சத்தின் நடுவே கால்பங்கு வால்மயிர்த் துண்டுகளை வைத்து, அவற்றின் முனை பிடரிமயிரின் நுனிக்கு நான்கு மில்லிமீட்டர் கீழேயே நிற்கும்படி கட்டியிருக்கிறேன். அவை முதுகெலும்பாக நிற்கின்றன, தோலைத் தொடுவதில்லை. பிடிக்கு மேலே தெரியும் மயிரின் உயரம் 52 மில்லிமீட்டர். இதைவிடக் குறைத்தால் விறைப்பு கூடும். 58க்கு மேல் போனால் நுரை முகத்தைவிட்டுச் சட்டைக்குப் போகும்.

நுனிகளை ஒழுங்குபடுத்த ஒரு எளிய வழி உண்டு. அடி குழிந்த சிறு கிண்ணத்தில் மயிர்க்கற்றையை நுனி கீழாக நிறுத்தி, மேசைமேல் மெல்லத் தட்டிக்கொண்டே இருந்தால், எல்லா நுனிகளும் குழியின் வடிவத்துக்கு இறங்கி அமர்ந்துவிடும். கவிழ்த்தால் தலை உருண்டையாக இருக்கும். இந்த ஓர் இடத்தில் மட்டும் அவசரப்படாதீர்கள். எனக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதும் இதற்கே போனது.

உதிர்தலுக்குக் காரணம் பசையின் குறை அன்று; பசை நடுவரைக்கும் போகவில்லை என்பதுதான். உதிர்ந்த மயிரின் அடியைப் பாருங்கள். பசை ஒட்டியிராமல் சுத்தமாக இருந்தால் அது நடுக்குஞ்சத்திலிருந்து நழுவியது என்று பொருள். செருப்புத் தைக்கும் மெழுகுநூலால் இறுகக் கட்டி, அடியை ஊசியால் கிளறி, பசைக் குழாய்கள் இரண்டையும் கலப்பதற்குமுன் வெந்நீரில் சற்று நேரம் வைத்தால், பசை இளகி உள்ளே ஊறும். விரைவில் இறுகும் வகையைத் தவிர்த்து, ஓரிரவு எடுத்து இறுகும் வகையை வாங்குங்கள்.

சோதனையைப் பொறுத்தவரை, உலர்ந்த தூரிகையை முழங்கையின் உள்மடிப்பில் செங்குத்தாக அழுத்திப் பார்ப்பதே முதற்சோதனை. அங்கே குத்தினால் கன்னத்திலும் குத்தும், மேற்கொண்டு சோதிப்பது வீண். அதில் தேறினால் இரண்டு நிமிடம் வெந்நீரில் நனைத்து, ஒருமுறை உதறி, சோப்பில் இருபது விநாடி சுழற்றி முகத்தில் நுரை கட்டுங்கள். முதல் சுற்றுச் சவரத்துக்குப் பின் மீண்டும் சோப்பைத் தொடாமல் மேலும் இருமுறை முகம் முழுவதும் பூசும் அளவுக்கு நுரை எஞ்ச வேண்டும். குதிரைமயிர் பன்றிமயிரைப்போல் நெடுநேரம் ஊற வேண்டியதில்லை என்பதால், முதல் நாளிலேயே இதற்கு விடை தெரிந்துவிடும். விலங்கு வாடை இருந்தால், கெட்டியான நுரையோடு ஓரிரவு விட்டு அலசுங்கள். இரண்டு மூன்று முறையில் போய்விடும். உதிர்வதை நாள்தோறும் எண்ணி எழுதிவையுங்கள். முதல் வாரத்தில் நாளுக்கு நான்கைந்து என்றிருந்து படிப்படியாகக் குறைந்தால் கவலையில்லை. குறையாமல் ஒரே அளவில் உதிர்ந்துகொண்டிருந்தால் கட்டு தவறு; பிரித்துக் கட்டுவதைத் தவிர வேறு வழியில்லை.

தேக்குப் பிடியை எறிந்துவிடாதீர்கள். மயிரை ஒட்ட வெட்டிவிட்டு, பட்டறையிலேயே கொடுத்து உள்ளிருக்கும் பசையைக் குடைந்தெடுத்தால் அதே பிடி மறுபடி உதவும். வண்டிக்கார நண்பரிடம், அடுத்த முறை பிடரியைச் சீர்செய்யும்போது வெட்டுகிற ஒவ்வொரு கற்றையையும் அடிப்பக்கத்தில் நூலால் கட்டிவைக்கச் சொல்லுங்கள். மயிர் ஒன்றோடொன்று கலந்துவிட்டால் எது நுனி, எது அடி என்று பிறகு பிரித்தறியவே முடியாது.

அன்புடன்.