பீரோவுக்குள் இருக்கும் பி.எட்.

கேள்வி: வணக்கம் அம்மா. எனக்கு 38 வயது. எம்.எஸ்ஸி. கணிதம், பி.எட். முடித்து, கோவையில் ஒரு மெட்ரிக் பள்ளியில் மூன்று வருடம் வேலை பார்த்தேன். அப்பா சொசைட்டியில் லோன் போட்டுத்தான் என்னை பி.எட். படிக்க வைத்தார். கல்யாணமாகி அமெரிக்காவில் நியூ ஜெர்சி மாநிலம் எடிசனுக்கு வந்து ஒன்பது வருடம் ஆகிறது. மகள் ஒன்றாம் வகுப்பு. எனக்கு எச்-4 விசா, கணவரின் வேலை விசாவைச் சார்ந்து வருவது. வேலை பார்ப்பதற்கான இ.ஏ.டி. அட்டையும் போன வருடம் வந்துவிட்டது. இங்கே அரசுப் பள்ளியில் கணக்கு டீச்சர் ஆக வேண்டும் என்று ஆசை. ஆனால் ஆளாளுக்கு ஒன்று சொல்கிறார்கள். முதலிலிருந்து படிக்க வேண்டும் என்கிறார் ஒருவர், தேர்வு எழுதினால் போதும் என்கிறார் இன்னொருவர். என் உச்சரிப்பை இங்குள்ள பிள்ளைகள் கேலி செய்வார்களோ என்றும் பயம். சர்டிபிகேட் எல்லாம் ஊரில் மாமியார் பீரோவில் பத்திரமாக இருக்கிறது, அதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். மாமியார் தங்கமானவர். பிரசவத்துக்கு வந்து ஆறு மாதம் என்னைத் தாங்கினார். போன டிசம்பரில் போனபோதும் நாலு பெட்டி நிறையச் சாமான் கட்டிக் கொடுத்தனுப்பினார். கணவர் ‘உன் இஷ்டம்’ என்கிறார். அவருக்கு டெக்சஸ் மாநிலம் டல்லாஸுக்கு மாற்றல் வந்தாலும் வரலாம். எந்த வழியில் போகலாம்? பிற்காலத்தில் பிரின்சிபால் ஆக முடியுமா? இல்லை, இந்த வயதில் இதெல்லாம் வேண்டாமா?
— பெயர் வெளியிட விரும்பாத வாசகி, எடிசன்

பதில்:

மகளே, ‘இந்த வயதில் வேண்டாமா’ என்று கேட்டிருக்கிறாய். ‘சேச்சே, 38 எல்லாம் ஒரு வயதா’ என்று நான் எழுதுவேன், அதைப் படித்துவிட்டு ஒரு வாரம் தெம்பாக இருக்கலாம் என்று நினைத்திருப்பாய். இந்த மாதிரிக் கடிதங்கள் எனக்கு நிறைய வருகின்றன. அந்தத் தெம்பு ஒரு வாரத்துக்கு மேல் நிற்பதில்லை என்று எனக்குத் தெரியும். அதனால் அதை விட்டுவிடுகிறேன்.

உன் கடிதத்தில் நீ பெரிதாக எண்ணாமல் எழுதிவிட்டுப் போன வரி ஒன்று இருக்கிறது. சர்டிபிகேட் மாமியார் பீரோவில் இருக்கிறது, பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்கிறாய். எதற்குப் பிறகு? ஒன்பது வருடமாக அது அங்கேதானே இருக்கிறது? இ.ஏ.டி. அட்டை கையில் வந்தபிறகும் ஒரு முறை ஊருக்குப் போயிருக்கிறாய். நாலு பெட்டி நிறையச் சாமான் வந்தது. பருப்புப்பொடி வந்திருக்கும், ஊறுகாய் வந்திருக்கும், பிள்ளைக்குப் பட்டுப்பாவாடை வந்திருக்கும். அரைக் கிலோகூட எடை இல்லாத அந்த ஃபைலுக்கு எந்தப் பெட்டியிலும் இடம் கிடைக்கவில்லையா?

பீரோச் சாவி மாமியார் இடுப்பில் இருப்பதைச் சொல்லி நான் அவரைத் திட்டுவேன் என்று எதிர்பார்க்காதே. கல்யாணமான கையோடு நகையையும் சர்டிபிகேட்டையும் மாமியாரிடம் கொடுத்து ‘பத்திரமா வச்சிடுங்க அத்தை’ என்று சொன்னது நீதான். அவரும் வீட்டுப் பத்திரத்தோடு சேர்த்து வைத்துக் காப்பாற்றிக்கொண்டிருக்கிறார். திருப்பிக் கேட்டு அவர் இல்லை என்று சொன்னதாக நீ எழுதவில்லை. கேட்டதாகவே எழுதவில்லை. பிரசவத்தில் ஆறு மாதம் உனக்குப் பத்தியச் சாப்பாடு போட்ட மனுஷி, நாலு காகிதத்தைத் தர மாட்டாரா?

கேட்டால் ‘எதுக்கு இப்போ?’ என்பார். ‘வேலைக்குப் போகப் போறேன் அத்தை’ என்று நீ பதில் சொல்ல வேண்டிவரும். அந்த ஒரு வாக்கியத்தை வாயால் சொல்லப் பயந்துகொண்டு, நியூ ஜெர்சிச் சட்டம் என்ன, டெக்சஸ் சட்டம் என்ன என்று என்னிடம் விசாரித்துக்கொண்டிருக்கிறாய்.

இதில் இன்னொரு வேடிக்கையும் இருக்கிறது. வெளிநாட்டுப் பட்டத்தை அமெரிக்காவில் மதிப்பிடும் நிறுவனங்கள் உண்டு. அவற்றின் சங்கத்துக்கு நேசஸ் என்று பெயர், டபிள்யூ.இ.எஸ்., இ.சி.இ. எல்லாம் அதில் உறுப்பினர்கள். டபிள்யூ.இ.எஸ்ஸுக்குப் பட்டச் சான்றிதழின் தெளிவான நகலை இணையத்தில் ஏற்றினால் போதும். மதிப்பெண் விவரங்கள் அடங்கிய டிரான்ஸ்கிரிப்ட்டை உன் பல்கலைக்கழகம்தான் நேராக அவர்களுக்கு அனுப்ப வேண்டும். உன் கைக்கு வந்தால் அது செல்லாது. ஆக, அந்த பீரோவைத் திறந்து, சர்டிபிகேட்டை வெயில் வெளிச்சத்தில் வைத்துப் போனில் படமெடுத்து அனுப்பச் சொல்லியிருந்தால் வேலை அன்றைக்கே தொடங்கியிருக்கும். உன்னைத் தடுத்தது சாவி இல்லை என்பது உனக்கும் தெரியும்.

சரி, வழி கேட்டாய், சொல்கிறேன். அந்த நாட்டில் ஆசிரியர் சான்றிதழை மத்திய அரசு தருவதில்லை. ஒவ்வொரு மாநிலத்துக்கும் ஒரு சட்டம், ஒரு தேர்வு. அதனால்தான் உன் தோழிகள் ஆளாளுக்கு ஒன்று சொல்கிறார்கள். கலிபோர்னியாவில் இருப்பவள் சொல்வது அவளுக்குச் சரி, உனக்கு உதவாது.

நியூ ஜெர்சியில் இரண்டு வாசல். ஆசிரியப் பயிற்சியை அங்கே ஏற்கும் முறையில் முழுதாக முடித்தவர்களுக்கு சி.இ.ஏ.எஸ். என்ற சான்றிதழ். பட்டம் மட்டும் இருந்து அந்தப் பயிற்சி இல்லாதவர்களுக்கு சி.இ., அதாவது தகுதிச் சான்றிதழ். உன் பி.எட். எந்தக் கணக்கில் சேரும் என்பதை மதிப்பீட்டு அறிக்கையைப் பார்த்துவிட்டு மாநிலக் கல்வித்துறைதான் முடிவு செய்யும். நீ சி.இ. வழியை மனதில் வைத்துத் தயாராகு. இளங்கலைப் பட்டம், 4-க்கு 3.0 ஜி.பி.ஏ. என்கிற சராசரி மதிப்பெண், கணிதத்தில் 30 கிரெடிட் (படித்த பாடங்களை அளக்கும் கணக்கு), அதில் 12 கல்லூரியின் உயர்மட்டப் பாடங்களாக இருக்க வேண்டும். பாடம் பாடமாகப் பிரித்துக் காட்டும் மதிப்பீட்டைத்தான் கேட்டு வாங்க வேண்டும். ‘இது இளங்கலைக்குச் சமம்’ என்று ஒற்றை வரியில் வரும் மலிவான அறிக்கையை வாங்கிவிட்டுத் திரும்பப் பணம் கட்டியவர்கள் இருக்கிறார்கள். நீ இளங்கலையும் முதுகலையும் கணிதம் என்றால் 30 கிரெடிட் உனக்கு ஒரு பொருட்டே இல்லை.

அடுத்து பிராக்சிஸ், ஆசிரியராக விரும்புகிறவர்கள் எழுதும் பாடத் தேர்வு. உயர்நிலைக் கணிதத் தாளில் 66 கேள்வி, 3 மணி நேரம். கணக்கு உனக்கு வரும். வராதது வரைபடம் போட்டுக் காட்டும் கிராபிங் கால்குலேட்டர். தேர்வுத் திரையிலேயே அதைக் கொடுத்துவிடுவார்கள், அதை வைத்துப் போட்டால்தான் நேரத்துக்குள் முடியும் என்கிற கேள்விகளும் வரும். லாகரிதம் புத்தகம் புரட்டி வளர்ந்த நம் பெண்கள் தடுமாறுவது அங்கேதான். ஒரு மாதம் அதில் மட்டும் விரலைப் பழக்கு. முன்பு கேட்டுக்கொண்டிருந்த அடிப்படைத் திறன் தேர்வை நியூ ஜெர்சி 2025 ஜனவரி முதல் எடுத்துவிட்டது. பழைய ஆட்கள் அதைச் சொல்லி உன்னைப் பயமுறுத்தினால் காதில் வாங்காதே.

சி.இ. கையில் வந்தால் வேலை தேடலாம். வேலை கிடைத்தபிறகு தற்காலிகச் சான்றிதழ். அதை வைத்துச் சம்பளத்தோடு பாடம் நடத்திக்கொண்டே, மாலையிலோ சனிக்கிழமையிலோ பயிற்சி வகுப்புக்குப் போக வேண்டும். மொத்தம் 400 மணி நேரம், ஏறக்குறைய இரண்டு வருடம். அதில் முதல் 50 மணி நேரம் வகுப்பறைக்குள் நுழைவதற்கு முன்பே முடிக்க வேண்டியது. முதல் வருடம் மூத்த ஆசிரியர் ஒருவர் கூடவே இருந்து வழிகாட்டுவார். அதெல்லாம் முடிந்தால் நிரந்தரச் சான்றிதழ். ஆக, முதலிலிருந்து படிக்க வேண்டும் என்று சொன்னவரும் தப்பு, தேர்வு எழுதினால் போதும் என்றவரும் தப்பு. கணக்குக்கும் அறிவியலுக்கும் அங்கே ஆசிரியர் தட்டுப்பாடு இருக்கிறது. உன் உச்சரிப்பைப் பற்றிக் கவலைப்பட அங்கே ஒருவருக்கும் நேரமில்லை.

பெயர் விஷயத்தில் மட்டும் கவனம். பட்டத்தில் உன் பெயருக்கு முன்னால் அப்பா இனிஷியல், பாஸ்போர்ட்டில் பின்னால் கணவர் பெயர் என்று இருக்கும். அந்த ஊர்க் கம்ப்யூட்டருக்கு அது இரண்டு ஆள். கல்யாணச் சான்றிதழையும் பீரோவிலிருந்து சேர்த்துப் படமெடுக்கச் சொல்.

இப்போது திரும்ப உன் வீட்டுக்கு வருகிறேன். இந்த விஷயத்தில் நான் பழைய ஆள். வீட்டுப் பெரியவர்களுக்குத் தெரியாமல் காரியம் செய்வது எனக்கு அறவே பிடிக்காது. கொழுந்தனிடம் ரகசியமாகச் சொல்லி ஃபைலை எடுப்பது, ‘பாஸ்போர்ட் வேலைக்கு வேணும் அத்தை’ என்று பொய் சொல்வது, கணவனை விட்டுக் கேட்கச் சொல்வது, இந்த மூன்றில் ஒன்றை ஏற்கெனவே யோசித்து வைத்திருப்பாய். மூன்றும் வேண்டாம். நீயே போன் செய். பிள்ளையைக் காட்டிவிட்டு, சாப்பிட்டீர்களா என்று விசாரித்துவிட்டு, விஷயத்தைச் சொல். சொல்வது உன் கடமை. அனுமதி கேட்பது உன் கடமை இல்லை. ‘போகலாமா அத்தை?’ என்று கேட்டால் அவர் பிள்ளையை யார் பார்ப்பது என்பார், நீ ‘அதுவும் சரிதான்’ என்பாய், அடுத்த வருடம் இதே கடிதம் எனக்கு வரும். அவர் முகம் சுளித்தாலும் சுளிக்கட்டும். இரண்டு நாள் பேசாமல் இருந்தாலும் இருக்கட்டும். மாமியாரிடம் மரியாதையாக இருப்பது வேறு, அவர் என்ன சொல்வாரோ என்று நீயாகவே கற்பனை செய்துகொண்டு வாயை மூடிக்கொள்வது வேறு. இரண்டாவது, தங்கமானவர் என்று நீயே எழுதிய பெண்ணைச் சந்தேகப்படுவது.

கடமை என்றதும் மாமியார், கணவர், மகள் என்று வரிசையாக உனக்கு ஞாபகம் வருகிறது. சொசைட்டியில் லோன் போட்ட அந்த மனிதர் எந்த வரிசையில் வருகிறார்? மாதாமாதம் சம்பளத்தில் பிடித்தம் போக மிச்சத்தில் குடும்பம் நடத்தி அவர் வாங்கிக் கொடுத்த காகிதம், ஒன்பது வருடமாக நாப்தலின் உருண்டை வாசத்தில் கிடக்கிறது. அதை உபயோகிப்பது உன் இஷ்டம் என்று கணவர் சொல்லலாம். எனக்கு அது இஷ்டமாகத் தெரியவில்லை. கட்ட வேண்டிய பாக்கியாகத்தான் தெரிகிறது. உனக்குக் கோபம் வந்தால் வரட்டும்.

‘உன் இஷ்டம்’ என்கிற கணவருக்கும் ஒரு வார்த்தை. பயிற்சி வகுப்பு மாலையில் நடக்கும்போது பிள்ளைக்குச் சோறு போட்டுப் படுக்க வைப்பது யார் என்று இன்றைக்கே பேசி முடிவு செய்யுங்கள். அவர் இஷ்டமும் அதில் தெரிந்துவிடும்.

டல்லாஸ் மாற்றல் வந்தால் வரட்டும். அங்கே டெக்சஸ் கல்வித்துறை, சொந்தத் தேர்வு, வேலை பார்த்துக்கொண்டே சான்றிதழ் வாங்கும் தனி வழி. மாநிலங்களுக்குள் ஒப்பந்தம் இருந்தாலும் சான்றிதழை அப்படியே மாற்றித் தர மாட்டார்கள். ஆனால் பட்டத்தை மதிப்பிடாமல் எந்த மாநிலத்திலும் முதல் படி ஏற முடியாது. டல்லாஸைக் காரணம் காட்டி இதைத் தள்ளிப்போடாதே.

பிரின்சிபால் பதவிக்கு நியூ ஜெர்சியில் 5 வருட அனுபவம், பள்ளித் தலைமை சார்ந்த முதுகலைப் படிப்பு, 300 மணி நேரப் பயிற்சி, பள்ளித் தலைவர்களுக்கான எஸ்.எல்.எல்.ஏ. தேர்வு எல்லாம் வேண்டும். உன் எம்.எஸ்ஸி.யை வைத்துக்கொண்டு அதற்குமேல் 30 கிரெடிட் படித்தும் போகலாம். அதற்கு முன்படியாக 3 வருடத்தில் சூப்பர்வைசர் சான்றிதழ் இருக்கிறது. முதலில் ஒரு வகுப்புக்குள் நுழை, மிச்சத்தை அப்புறம் கேள்.

அவசரமாகப் பார்க்க வேண்டியது உன் இ.ஏ.டி. அட்டையின் கடைசித் தேதி. புதுப்பிக்க விண்ணப்பித்தால் பழைய அட்டை தானாக நீளும் என்று இருந்த சலுகை, 2025 அக்டோபர் 30 முதல் விண்ணப்பிப்பவர்களுக்குக் கிடையாது. தேதி முடிந்த மறுநாள் பள்ளி உன்னை உள்ளே விட முடியாது. 180 நாள் முன்பே விண்ணப்பிக்கலாம், அந்த நாளை இப்போதே குறித்து வை. பள்ளிகள் அடுத்த கல்வியாண்டுக்கு ஆள் எடுப்பது மார்ச்சில் சூடுபிடிக்கும். டிரான்ஸ்கிரிப்ட் அனுப்ப நம் பல்கலைக்கழகங்கள் எடுத்துக்கொள்ளும் காலம் உனக்கே தெரியும், அதனால் ஞாயிற்றுக்கிழமை போன் பேசிவிட்டு, திங்கட்கிழமையே கட்டணத்தைக் கட்டு.