சிங்கப்பூர் யார்டில் பெயர் எடுப்பது: திருவொற்றியூர் தம்பிக்கு

தம்பி, சிங்கப்பூர் கன்டெய்னர் முனையத்தில் யார்டு பிளானராக, அதாவது பெட்டிகளை எங்கே அடுக்குவது என்று திட்டம் போடுகிறவனாக, ஒரு வருஷம் ஓட்டிவிட்டாய். "ராத்திரி பகல் பார்க்காம உழைக்கிறேன் அக்கா, ஆனா அப்ரைசல்ல 'ஸ்ட்ராட்டஜிக்கா யோசிக்கிறதில்லை'ன்னு எழுதிட்டாங்க. எம்பிஏ படிக்கட்டுமா, வீடு எந்தப் பக்கம் எடுக்கட்டும்?" என்று கேட்டிருக்கிறாய். வீட்டை ஜூரோங் பக்கம் பார், துவாஸ் துறைமுகத்துக்குப் போய்வர வசதி. எம்பிஏ இப்போது வேண்டாம். அந்த அப்ரைசல் வரியை மட்டும் பேசுவோம். நம்ம பிள்ளைகள் நிறையப் பேர் அதிலேயே வருஷக்கணக்கில் மாட்டிக்கொண்டு கிடக்கிறார்கள்.

ராத்திரி ரெண்டு மணிக்கும் போன் எடுப்பான் என்று பெயர் வாங்கினால் உன்னை அந்த நாற்காலியிலிருந்து எடுக்கவே மேலே பயப்படுவார்கள். அதனால் முதலில், உன் தலைக்குள் இருக்கும் முடிவுகளை எழுதிப் போடு. யார்டு 80 சதவீதம் நிரம்பினால் எந்த பிளாக் (பெட்டி அடுக்கும் பகுதி) எதற்கு, ரீஃபர் பிளக் (குளிர்பெட்டிக்கு மின்சாரம் கொடுக்கும் இணைப்பு) தீர்ந்தால் யாரைக் கேட்பது, எதற்கு மட்டும் உன்னை எழுப்பலாம். ரெண்டு பக்கம் போதும். ஷிஃப்டில் ஒருவரை மூன்று மாதம் கூட வைத்துப் பழக்கு. மிஞ்சும் நேரத்தில் வாரம் ரெண்டு மணி நேரமாவது கணக்கோடு உட்கார்.

என்ன கணக்கு? முனையத்துக்குக் காசு பெரும்பாலும் வருவது கப்பலில் ஏற்றி இறக்குவதற்கு. ஐந்து அடுக்கில் அடிப்பெட்டி வேண்டுமென்றால் மேலே உள்ள நாலையும் நகர்த்தணும், அதற்குப் பெரும்பாலும் தனியாக யாரும் காசு தருவதில்லை. இப்படிப் பெட்டியை வீணாக நகர்த்தும் ஷிஃப்டிங் கூடும்போது எல்லாரும் இன்னொரு கிரேன் கேட்பார்கள். நீ காரணத்தைத் தேடு. 2023 கடைசியில் செங்கடல் வழி ஆபத்தானதும் கப்பல்கள் நன்னம்பிக்கை முனையைச் சுற்றிப் போயின. அட்டவணை குலைந்து கும்பலாக வந்து சேர்ந்ததில் 2024 நடுவில் சிங்கப்பூரிலேயே நெரிசல். இங்கே பெரும்பாலும் ஒரு கப்பலில் இறங்கி இன்னொன்றில் ஏறும் பெட்டிதான். ஏறவேண்டிய கப்பல் நாலு நாள் தாமதமானால் பெட்டி அங்கேயே கிடக்கும், அதன் தலைமேல் புதுப் பெட்டி ஏறும். கப்பல் கம்பெனியிடம் மாறிய வருகைத் தேதியை மூன்று நாள் முன்பே வாங்கி, அடுக்கும் வரிசையை அதற்கேற்ப மாற்றினால் கிரேன் செலவே வராமல் போகலாம்.

உனக்கு இது விளங்காத விஷயமா? சென்னைத் துறைமுகத்தின் ஜீரோ கேட் அடைத்துக்கொண்டால் எண்ணூர் எக்ஸ்பிரஸ் சாலையில் டிரெய்லர் வரிசை எவ்வளவு தூரம் நிற்கும் என்று பார்த்து வளர்ந்தவன் நீ. டிரைவர்கள் வண்டி ஓரத்திலேயே ஸ்டவ் பற்றவைத்துச் சோறு வடிப்பார்கள். உள்ளே ஒரு இடத்தில் சிக்கினால் வெளியே யார் வயிற்றில் அடிக்கும் என்பது வடசென்னைப் பிள்ளைக்குத் தானாகத் தெரியும். பெரிய கல்லூரிப் பெயரோடு வருகிற பலருக்கு அந்தக் கண் கிடையாது. நாற்பது ஸ்லைடு போடுவார்கள், ஒன்றிலாவது எத்தனை டாலர் நஷ்டம் என்று இருக்காது.

நீ ஒரே ஒரு ஏ4 பக்கம் எழுது. முதல் ரெண்டு வரியில் உன் பரிந்துரை. அடுத்து, ஷிஃப்டிங்கால் இப்போது மாதம் எவ்வளவு காசு போகிறது. பிறகு மூன்று வழிகள், அதில் ஒன்று இப்படியே விட்டால் என்ன ஆகும் என்பது. கடைசியில், யார் எந்தத் தேதிக்குள் என்ன முடிவு சொல்லணும். கூட்டத்துக்கு ரெண்டு நாள் முன்பே அனுப்பு. அதற்கும் முன்னால் உன் மேலாளரைப் பார், அப்புறம் நிதி ஆளையும் கிரேன் பிரிவு ஆளையும் தனித்தனியாகக் கால் மணி நேரம் பார்த்து மறுப்பைக் கேட்டு வாங்கு. இங்கே கூட்டத்தில் திடீரென்று போட்டு உடைத்தால் யாரும் சண்டைக்கு வரமாட்டார்கள், "பார்க்கலாம்" என்பார்கள், அதோடு முடிந்தது. யோசனை தந்த ஆபரேட்டர் பெயரையும் தாளில் போடு.

ஞாயிற்றுக்கிழமை சிராங்கூன் ரோட்டில் டீ குடித்துக்கொண்டு "நம்மாளுக்கு இங்க மேல வழியே இல்லடா" என்று சொல்ல ஒரு கூட்டம் இருக்கும். பாரபட்சம் இல்லவே இல்லை என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் அப்படிப் பேசுகிறவர்களில் இந்த ஒரு பக்கத்தை எழுதிக் கொடுத்துப் பார்த்தவர் அபூர்வம்.

முழு யார்டையும் மாற்றக் கேட்காதே. சோதனைக்கு ஒரு பிளாக், ஆறு வாரம் கேள். ஷிஃப்டிங் எந்த அளவைத் தாண்டினால் சோதனையை நிறுத்துவாய் என்பதையும் நீயே எழுதிவிடு. நிதி ஆள் முதலில் தேடுவது அந்த வரியைத்தான்.