வெள்ளி மாலை பிடித்தவரை, சனி மதியம் கைது என்று எழுதலாமா?

கேள்வி: வண்டலூர் அருகே ஊனமாஞ்சேரியில் பயிற்சி முடித்து, வட சென்னையில் ஒரு காவல் நிலையத்தில் உதவி ஆய்வாளராகச் சேர்ந்திருக்கிறேன். செல்போன் பறிப்பு வழக்கில் 19 வயது இளைஞர் ஒருவரை வெள்ளிக்கிழமை மாலை 6 மணிக்கு வீட்டிலிருந்து அழைத்து வந்தோம். இரவு முழுவதும் நிலையத்தில்தான் இருந்தார். அவருடைய அம்மா சாப்பாட்டுப் பொட்டலத்துடன் வாசலில் நின்றுகொண்டிருந்தார். சனிக்கிழமை மதியம் 12 மணிக்குக் கைது என்று குறிப்பு தயாரித்து, அதில் அந்த அம்மாவிடமே சாட்சிக் கையெழுத்து வாங்கினார்கள். ஞாயிறு காலை ரிமாண்ட். எழுதியது வேறொருவர். அடுத்த முறை என்னிடம் சொல்வார்கள். ‘24 மணி நேரம் கைது காட்டியதிலிருந்துதான்’ என்கிறார் நிலையத்தின் எழுத்து வேலைகளைப் பார்க்கும் ரைட்டர். வகுப்பில் படித்தது வேறாக இருக்கிறது. நான் என்ன செய்ய வேண்டும்?

பதில்: அன்புள்ள சகோதரி, எழுதாதீர்கள். வெள்ளி மாலை 6 மணிதான் கைது நேரம். கைதானவரை நீதிபதி முன் நிறுத்த அரசியலமைப்பின் 22-வது பிரிவு தரும் 24 மணி நேரம் சனி மாலை 6 மணியோடு முடிந்துவிட்டது. பயண நேரத்தை மட்டும் கழித்துக்கொள்ளலாம். உங்கள் நிலையத்திலிருந்து ஜார்ஜ் டவுன் நீதிமன்றத்துக்கோ, விடுமுறை நாளில் நீதிபதியின் வீட்டுக்கோ போக ஆகும் நேரம் அவ்வளவுதான். ஞாயிறு காலை வரை அந்த இளைஞரை வைத்திருந்தது சட்டவிரோதக் காவல்.

ரைட்டர் சொல்வதை நீதிமன்றங்கள் ஏற்றதில்லை. ஒருவரின் நடமாட்டத்தைத் தடுத்த நிமிடமே கைது தொடங்குகிறது, அதிகாரி தாளில் எழுதும் நேரத்தில் அல்ல என்று பம்பாய் உயர் நீதிமன்றம் முன்பே சொல்லியிருக்கிறது. 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றத்துக்கு வந்த சுபாஷ் சர்மா வழக்கு உங்கள் கேள்விக்கு நேரடியான பதில். அமலாக்கத் துறை அவரை 2022 மார்ச் 5 அன்று டெல்லி விமான நிலையத்தில் தன் பிடிக்குள் கொண்டுவந்தது. கைது என்று காட்டியது நள்ளிரவுக்குப் பிறகு. நீதிமன்றத்தில் நிறுத்தியது மறுநாள் பிற்பகல். முதல் நாள் காலை 11 மணியிலிருந்தே கணக்கிட்ட உச்ச நீதிமன்றம், 24 மணி நேரம் தாண்டிவிட்டது, கைது செல்லாது என்றது. பணமோசடி தடுப்புச் சட்டத்தின் கடுமையான ஜாமீன் நிபந்தனைகூட அங்கே நிற்கவில்லை.

‘சும்மா விசாரணைக்குத்தான் உட்கார வைத்திருக்கிறோம்’ என்பார்கள். அந்த இளைஞர் எழுந்து ‘வீட்டுக்குப் போகிறேன்’ என்றால் பாரா காவலர் விடுவாரா? விடமாட்டார் என்றால் அது காவல்தான்.

உங்கள் ஆய்வாளரின் நெருக்கடி எனக்குப் புரிகிறது. பறிபோன போன்கள் கிடைக்க வேண்டும். மேலிருந்து கேட்டுக்கொண்டே இருப்பார்கள். ஆனால் கூடுதல் நேரம் பெறச் சட்டமே வழி வைத்திருக்கிறது. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்‌ஷா சன்ஹிதாவின் 187-வது பிரிவின்படி, ரிமாண்டுக்குப் பிறகும் போலீஸ் கஸ்டடி கேட்கலாம். மொத்தம் 15 நாள். பறிப்பு போன்ற வழக்கில் முதல் 40 நாளுக்குள் பகுதி பகுதியாகவும் கேட்கலாம். பழைய சட்டத்தில் முதல் 15 நாள் தாண்டினால் கதவு மூடிவிடும். இப்போது இவ்வளவு இடம் இருக்கும்போது ஓர் இரவைத் திருடுவதற்கு எந்த நியாயமும் இல்லை.

பொய் நேரம் வழக்கையே கெடுக்கும். இளைஞர் வெள்ளி இரவே இடத்தைக் காட்டி, போன் கிடைத்துவிட்டது என்று வையுங்கள். அதிகாரியிடம் சொன்ன ஒப்புதல் வாக்குமூலம் சாட்சியமாகாது. காவலில் இருப்பவர் சொன்னதை வைத்துப் பொருள் கிடைத்தால் அந்தப் பகுதி மட்டுமே நிற்கும். சனி மதியம்தான் கைது என்று எழுதியவர், வெள்ளி இரவு மீட்டதற்கு எப்படி மகஜர் (கைப்பற்றியதற்கான குறிப்பு) போடுவார்? அதையும் சனிக்கிழமைக்குத் தள்ள வேண்டும். அதே புதிய சட்டத்தின் 105-வது பிரிவின்படி கைப்பற்றுதலை வீடியோ எடுத்தாக வேண்டும். கிடைத்த போதே எடுத்த வீடியோ என்றால் அதில் வெள்ளி இரவின் நேரம் இருக்கும். சனிக்கிழமை எடுத்தால் போனை மறுபடி ஒளித்துவைத்து எடுக்க வேண்டும். ஒரு நேரத்தை மாற்றப் போய் மொத்த வழக்கையும் நாடகமாக்குவது இப்படித்தான்.

நிலையத்தின் கேமராவையும் மறக்காதீர்கள். நுழைவாயில், லாக்கப், நடைவழி என எல்லா இடமும் பதிவாக வேண்டும் என்று 2020 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டிருக்கிறது. குற்றவியல் வழக்குகள் நடத்தும் நானே முதலில் கேட்பது அந்தப் பதிவைத்தான்.

எல்லாவற்றையும் விட என்னை உலுக்குவது அந்த அம்மாவின் கையெழுத்து. கைதுக் குறிப்பில் குடும்பத்தாரோ அக்கம்பக்கத்தாரோ சாட்சியாக இருக்க வேண்டும் என்பது 1996 டி.கே.பாசு தீர்ப்பு தந்த காப்பு. லாக்கப் மரணங்களைப் பற்றிய பத்திரிகைச் செய்திகளைச் சேர்த்து ஒருவர் தலைமை நீதிபதிக்கு எழுதிய கடிதத்திலிருந்து பிறந்தது அந்த வழக்கு. அதன் விதிகள் இன்று புதிய சட்டத்தின் 36-வது பிரிவில் சட்டமாகவே இருக்கின்றன. மகனைக் கூட்டி வந்த நேரம் அந்த அம்மாவுக்குத் தெரியும். அவரைக் காக்க வந்த தாளிலேயே பொய்க்கு அவரைச் சாட்சியாக்கியது பெரும் கொடுமை.

அடுத்த முறை உங்களிடம் வரும்போது சண்டை வேண்டாம். ‘அய்யா, நேரத்தை உள்ளபடியே போட்டு இன்று மாலைக்குள் ரிமாண்ட் செய்துவிடலாம். போலீஸ் கஸ்டடி மனுவை நானே தயார் செய்கிறேன்’ என்று சொல்லுங்கள். பெரும்பாலான ஆய்வாளர்களுக்கு வேண்டியது வழக்கு நிற்பதுதான். கைதே தேவையா என்பதையும் அப்போதே எழுப்புங்கள். பறிப்புக்கு அதிகபட்சத் தண்டனை 3 ஆண்டுதான். ஏழு ஆண்டு வரை தண்டனை உள்ள வழக்குகளில் கைதுக்கான காரணத்தை எழுத்தில் பதிவு செய்ய வேண்டும், தேவையில்லை என்றால் அதே சட்டத்தின் 35-வது பிரிவின்படி ஆஜராகச் சொல்லி நோட்டீஸ் தர வேண்டும். அதை வாட்ஸ்அப்பில் அனுப்பினால் செல்லாது. வயதையும் முதலிலேயே சரிபாருங்கள். பதினெட்டு நிறையவில்லை என்றால் லாக்கப் பக்கமே கொண்டுபோகக் கூடாது. சிறார் நீதிக் குழுமத்தின் முன்தான் நிறுத்த வேண்டும்.

அதற்குப் பிறகும் வற்புறுத்தினால் கையெழுத்திடாதீர்கள். அழைத்து வந்த நேரத்தைப் பொது நாட்குறிப்பில் உங்கள் கையாலேயே பதிவு செய்துவிட்டு, உதவி ஆணையரிடம் எழுத்தில் தெரிவியுங்கள். மேலதிகாரி சொன்னார் என்பது சட்டவிரோத உத்தரவுக்குக் காப்பாகாது. கூண்டில் ஏறி அந்த நேரத்துக்குப் பதில் சொல்லப்போவது கையெழுத்திட்டவர்தான். இடமாற்றம், மெமோ என்று தொல்லை வரலாம். வராது என்று நான் வாக்குத் தர முடியாது. ஆனால் உங்கள் துறையிலேயே உங்களுக்கு முன்னோடி இருக்கிறார். 2020 ஜூனில் சாத்தான்குளம் நிலையத்தில் தந்தைக்கும் மகனுக்கும் நடந்ததை விசாரணைக்கு வந்த மாஜிஸ்திரேட்டிடம் சொன்னவர், அன்று அங்கே பணியில் இருந்த ஒரு பெண் தலைமைக் காவலர். அவருக்கு உங்களைவிடப் பதவி குறைவு, ஆபத்து பல மடங்கு அதிகம்.