பள்ளி விடுமுறையில் எண்ணிய வண்டிகள்: குடியிருப்புத் திட்டங்கள் பற்றி வாசகர் கேள்விகள்

கேள்வி: பக்கத்தில் 600 வீடுகள் வருகின்றன. ஒரு நாளில் ஓடும் மொத்த வண்டிகளில் 5 சதவீதம்தான் கூடும் என்கிறார்கள். கவலைப்பட வேண்டாமா?

பதில்: நாள் கணக்கை ஓரமாக வையுங்கள். நள்ளிரவில் காலியாகக் கிடக்கும் சாலையையும் சேர்த்துச் சொல்வது அது. காலை உச்ச நேரத்தில் வீட்டுக்கு அரை வண்டி என்று வைத்தாலே ஒரு மணி நேரத்தில் 300 வண்டி. அதாவது 12 நொடிக்கு ஒன்று உங்கள் தெருமுனையில் வந்து நிற்கும். அந்த ஒரு மணி நேரக் கணக்கைக் கேளுங்கள். எழுத்தில் கேளுங்கள்.

கேள்வி: போக்குவரத்து ஆய்வறிக்கை ‘பாதிப்பு மிகக் குறைவு’ என்கிறது. நம்பலாமா?

பதில்: முதலில் கணக்கெடுத்த தேதியைப் பாருங்கள். இதை எத்தனை முறை எழுதினாலும் எனக்குப் போதவில்லை. என் கைக்கு வந்த ஓர் அறிக்கையில், கணக்கெடுப்பு நடந்தது பள்ளி விடுமுறையில். அதுவும் ஒரே ஒரு நாள். பள்ளி வேன் இல்லை, பிள்ளைகளை இறக்கிவிட வரும் பெற்றோர் இல்லை. சந்திப்பு தாங்கும் என்று எழுதிவிட்டார்கள். தேதி மட்டும் பின்னிணைப்பின் கடைசிப் பக்கத்தில் இருந்தது. எனக்குப் பொறுக்கவே முடியாத விஷயம் இது.

ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்? வண்டி கூடும் அதே விகிதத்தில் நெரிசல் கூடுவதில்லை. கொள்ளளவில் பாதி வரை சாலை எதையும் காட்டிக்கொள்ளாது. 85 சதவீதத்தைத் தொட்டதும் வரிசை கலையாமல் நிற்கத் தொடங்கும். எளிய வரிசைக் கணிதத்தில், 80-லிருந்து 90 சதவீதத்துக்குப் போனால் காத்திருப்பு இரண்டு மடங்கைத் தாண்டும். விடுமுறையில் எண்ணி 70 என்று காட்டிய சந்திப்பு, பள்ளி திறந்ததும் உண்மையில் 85-இல் இருந்தால், மேலே வரும் அந்த 5 சதவீதம் சின்ன எண் இல்லை.

அப்புறம், அருகில் அனுமதி வாங்கிவிட்டு இன்னும் யாரும் குடியேறாத திட்டங்களைச் சேர்த்தார்களா என்றும் பாருங்கள். தனித்தனியாகப் பார்த்தால் எல்லாத் திட்டமும் சிறியதுதான்.

நீங்களே எண்ணலாம். நாலு பேர் போதும். பள்ளி இயங்கும் ஒரு வேலைநாளில் காலை இரண்டு மணி நேரம் நில்லுங்கள். 15 நிமிடத்துக்கு ஒரு வரி எழுதுங்கள், எந்தப் பக்கம் திரும்புகிறது என்பதையும் குறியுங்கள். தாளின் மேலே தேதி இருக்கட்டும்.

கேள்வி: எங்கள் பகுதியில் திட்டம் வருகிறது. ஆட்சேபணைக் கடிதம் ஒன்று மாதிரி அனுப்பவும்.

பதில்: எத்தனை வீடு, எவ்வளவு நிலம், எந்தச் சாலையில் வாசல்? ஒன்றும் எழுதவில்லை. வரைபடத்தையாவது பார்த்தீர்களா? மாதிரிக் கடிதம் நான் தருவதில்லை. ஒரே வாசகத்தில் 200 பேர் அனுப்பினாலும் படிப்பவருக்கு அது ஒரே ஆட்சேபணை. உங்கள் வீட்டு வாசலில் நீங்கள் பார்த்ததை எழுதுங்கள்.

கேள்வி: சாலையை அகலப்படுத்தித் தருகிறார்களாம். சரியாகிவிடுமா?

பதில்: சந்திப்பு அகலமாகாவிட்டால் வரிசை இரட்டையாக நிற்கும், அவ்வளவுதான்.

கேள்வி: ஒரு மரத்துக்குப் பத்து கன்று நடுவார்களாம்.

பதில்: கன்று நிழல் தர ஆண்டுகள் ஆகும். எங்கே நடுவார்கள், எத்தனை ஆண்டு தண்ணீர் விடுவார்கள், பட்டுப்போனால் யார் பொறுப்பு? எழுத்தில் கேளுங்கள்.

கேள்வி: இப்போது மழைநீர் தேங்கும் 2 ஹெக்டேர் நிலத்தில் கட்டப் போகிறார்கள். அந்தத் தண்ணீர் எங்கே போகும்?

பதில்: நல்ல கேள்வி. அங்கே 100 மில்லிமீட்டர் மழை பெய்தால் விழுவது 20 லட்சம் லிட்டர். புல்தரையில் நல்ல பங்கு மண்ணுக்குள் இறங்கும். கூரையும் கான்கிரீட்டும் ஆனபின் பெரும்பகுதி சில நிமிடங்களில் வெளியே ஓடிவரும். தரையை உயர்த்திக் கட்டினால் பள்ளம் உங்கள் தெருதான். தேக்கத் தொட்டி எத்தனை லிட்டர் பிடிக்கும், நிரம்பினால் எந்த வாய்க்காலுக்கு வழி, யார் தூர்வாருவார்கள் என்ற மூன்றுக்கும் பதில் வாங்குங்கள்.

கேள்வி: வண்டிச் சத்தம் தாங்க முடியாமல் போகும் என்று ஆட்சேபிக்கலாமா?

பதில்: அதை முதலில் வைக்காதீர்கள். வண்டிகள் இரண்டு மடங்கானாலும் சராசரி இரைச்சல் 3 டெசிபல்தான் கூடும், எளிதில் தள்ளிவிடுவார்கள். கட்டுமான லாரிகளைப் பற்றிப் பேசுங்கள். எந்தத் தெரு வழியாக, எந்த நேரத்தில், ராத்திரியிலுமா? அச்சின் மேல் சுமை இரண்டு மடங்கானால் சாலைக்குச் சேதம் ஏறக்குறைய 16 மடங்கு. வேலை தொடங்கும் முன்பே சாலையையும் உங்கள் சுவர்களையும் படம் எடுத்து வையுங்கள். தேதியோடு.