நோட்டைப் பின்பக்கமாகத் திறக்கிற பையன்

அன்புள்ள ஐயா,

குடியாத்தம் பக்கம் ஓர் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியில் இடைநிலை ஆசிரியையாக இருக்கிறேன். 16 வருட சர்வீஸ். ஒன்றிலிருந்து ஐந்து வரைக்கும் சேர்த்து 43 பிள்ளைகள். எச்.எம்.மையும் சேர்த்து நாங்கள் இரண்டு பேர். அவர் மாதத்தில் பாதி நாள் மீட்டிங், பி.ஆர்.சி. (வட்டார வள மையம்) என்று போய்விடுவார்.

'நாற்பது பிள்ளைகளுக்கும் ஒரே பாடத்தை ஒரே மாதிரி நடத்துவது சோம்பேறித்தனம்' என்று போன மாதம் எழுதியிருந்தீர்கள். அதைப் படித்துவிட்டு இரண்டு நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை. நாலாவதில் ஒரு பையன். வீட்டில் உருது. தமிழ் எழுத்துக்கூட்டவும் வராது. நோட்டைப் பின்பக்கமாகத் திறந்து எழுதுகிறான், எத்தனை தடவை சொன்னாலும் அதேதான். மூன்றாவதில் ஒரு பெண், கூப்பிட்டால் திரும்பாது, ஏதோ கனவில் இருக்கிற மாதிரி. ஐந்தாவதில் ஒருவன் நான் கணக்கை எழுதி முடிப்பதற்குள் விடையைச் சொல்லிவிட்டுப் பக்கத்தில் இருப்பவர்களைக் கிள்ளிக்கொண்டிருப்பான். அடுத்த வருடம் கால் நடக்க வராத ஒரு குழந்தை ஒன்றாவதில் சேரப்போகிறது. தனித்தனியாகப் பாடம் எடுக்க எனக்கு எத்தனை கை வேண்டும்? நன்னூலே மாணாக்கரைத் தலை, இடை, கடை என்று பிரித்துத்தான் வைத்திருக்கிறது. அன்னமும் உண்டு, எருமையும் உண்டு. நாங்கள் மட்டும் எல்லாரையும் அன்னமாக்க வேண்டுமா? ஒரு நாள் நீங்களே வந்து என் வகுப்பை எடுத்துப் பாருங்கள்.

பெயர் போட வேண்டாம்.

ஓர் ஆசிரியை
குடியாத்தம் வட்டம்

அன்புள்ள டீச்சர்,

'சோம்பேறித்தனம்' தப்பான சொல். கட்டுரையிலிருந்து எடுத்துவிட்டேன். 2009-ஆம் ஆண்டுக் கட்டாயக் கல்விச் சட்டப்படி தொடக்கப் பள்ளியில் 60 பிள்ளைகள் வரைக்கும் இரண்டு ஆசிரியர். அந்தக் கணக்கில் உங்கள் 43 பேருக்கு இரண்டு பேர் தாராளம். சட்டம் தலையை எண்ணுகிறது, வகுப்பை எண்ணுவதில்லை. ஐந்து வகுப்பு, இரண்டு வாத்தியார், அதில் ஒருவர் பி.ஆர்.சி.யில். இதை நான் அந்தக் கட்டுரையிலேயே எழுதியிருக்க வேண்டும். எழுதாமல் உங்கள் தலையில் பழியைப் போட்டேனே, அதுதான் சோம்பேறித்தனம்.

ஆனால் நன்னூலை இழுத்துவிட்டீர்கள், அதை விட முடியாது. நீங்கள் சொல்கிற சூத்திரம் இருக்கிறது. அன்னமும் பசுவும் தலை, மண்ணும் கிளியும் இடை, ஓட்டைக் குடம், ஆடு, எருமை, நெய்யரி (நெய் வடிகட்டி) நாலும் கடை. பவணந்தி முனிவர் மாணாக்கரிடம் வருவதற்கு முன்னால் ஆசிரியரைப் பிரித்துவிடுகிறார் என்பதைப் பலரும் சொல்வதில்லை. ஆசிரியராக ஆகாதவர்கள் என்று அவர் தருகிற உவமைகளில் ஒன்று முடத்தெங்கு, வளைந்த தென்னை. தண்ணீர் ஊற்றுகிறவன் ஒருவன், மரம் சாய்ந்து காய் போடுவது அடுத்த வீட்டில். (பள்ளியில் சம்பளம் வாங்கிக்கொண்டு டியூஷனில் பாடம் நடத்துகிறவர்களை இவ்வளவு சுருக்கமாக யாரும் திட்டியதில்லை.) பாடம் சொல்லும் முறையைச் சொல்லும்போது, அவசரப்படாமல், கோபப்படாமல், முகம் மலர்ந்து, 'கொள்வோன் கொள்வகை அறிந்து அவன் உளங்கொள'க் கொடுக்க வேண்டும் என்கிறார். வாங்கிக்கொள்கிறவன் எப்படி வாங்கிக்கொள்வான் என்று தெரிந்துகொண்டு கொடு. இன்றைக்குப் பயிற்சி முகாம்களில் இதற்கு நீளமான பெயர்கள் வைத்திருக்கிறார்கள். எனக்குக் 'கொள்வகை' போதும்.

நன்னூலோடு எனக்குச் சண்டையும் உண்டு. யாருக்கு நூல் சொல்லக் கூடாது என்று ஒரு பட்டியல் அதில் வருகிறது. கள்வன், சினத்தன், துயில்வோன் இவர்களோடு பிணியனும் மந்தனும் சேர்த்தி. நோய் இருந்தால் சொல்லித்தராதே, புத்தி மெதுவாக இருந்தால் சொல்லித்தராதே. அந்தக் காலத்து ஆசிரியர் வாசலில் நின்று ஆள் பார்த்துச் சேர்த்துக்கொள்ளலாம். உங்கள் பள்ளிக்கு அந்த வாசல் கிடையாது. ஆறு வயது ஆனவர்கள் எல்லாரும் உங்கள் மாணாக்கர்தான். அதனால் பவணந்தியிடம் கொடுக்கும் முறையை வாங்கிக்கொள்வோம், சேர்க்கை விதியை அவரிடமே விட்டுவிடுவோம்.

எருமையைப் பற்றியும் ஒன்று. குளத்தைக் கலக்கிவிட்டுக் குடிக்கும் என்றுதான் அதைக் கடையில் வைத்தார்கள். அது கலக்குவது கொழுப்பினால் இல்லை. எருமைக்கு வியர்வைச் சுரப்பி குறைவு, கறுத்த தோல், வேலூர் வெயில். தண்ணீரில் போய்ப் படுக்காவிட்டால் உடம்பு தாங்காது. மாடு மேய்த்த எவரைக் கேட்டாலும் சொல்வார்கள்.

இப்போது அந்த நாலாம் வகுப்புப் பையன். உங்கள் கடிதத்தில் எனக்கு விடை கிடைத்த இடமே அவன் நோட்டுதான். பேர்ணாம்பட்டு, ஆம்பூர், வாணியம்பாடி, மேல்விஷாரம் பக்கம் உருது பேசும் வீட்டுப் பிள்ளைகள் பலர் காலையில் மதரஸாவுக்குப் போய்விட்டுத்தான் பள்ளிக்கு வருகிறார்கள். அரபியும் உருதும் வலமிருந்து இடம் போகிற எழுத்து. அந்தப் புத்தகத்துக்கு நம் பின்அட்டைதான் முன்அட்டை. அவன் நோட்டைத் தப்பாகத் திறக்கவில்லை. காலை ஏழு மணிக்கு யாரோ சொல்லித்தந்த ஒழுங்கை ஒன்பதரை மணிக்கும் கடைப்பிடிக்கிறான்.

நாளைக்கு அவனைத் தனியாக உட்காரவைத்து, மதரஸாவில் படிக்கிற கிதாபைக் கொண்டுவரச் சொல்லி வாசிக்கச் சொல்லுங்கள். உங்களுக்குப் புரிய வேண்டியதில்லை. விரல் ஓடுகிறதா, நிற்கிறதா என்று பாருங்கள். ஓடினால், எழுத்தை ஒலியாக மாற்றுகிற வித்தை அவனிடம் இருக்கிறது, இல்லாதது தமிழ். நாம் இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டு, தமிழ் தெரியாதவனைப் படிக்கத் தெரியாதவன் என்று எழுதிவைத்துவிடுகிறோம். தமிழ் தெரியாதவனுக்கு எழுத்து அட்டையைக் காட்டிப் பயனில்லை. 'பம்பரம்' என்ற சொல்லே காதில் விழாத பையன் அதை எழுத்துக்கூட்டி என்ன செய்வான்? முதலில் பேச்சு. அஞ்சாவதில் உருதுவும் தமிழும் தெரிந்த பெண் ஒருத்தி இருப்பாள், பக்கத்தில் உட்காரவையுங்கள். ஒரு நாளைக்கு ஆறு சொல். அவன் உருதுவில் சொல்லட்டும், அவள் தமிழில் சொல்லட்டும், இருவரும் படம் போடட்டும். நோட்டில் எழுத ஆரம்பிக்க வேண்டிய மூலையில் ஒரு நட்சத்திரம் போட்டுக்கொடுங்கள், திட்ட வேண்டாம். ல, ள, ழ மூன்றும் அவன் காதுக்கு ஒன்றுதான், அதற்கும் திட்ட வேண்டாம். நம் வீட்டுப் பிள்ளைகளே 'வாயப்பயம்' என்றுதானே சொல்கிறார்கள்?

அந்தக் கிதாபிலும் விரல் நின்று நின்று போனால், அது வேறு விஷயம். அப்போது தமிழில் எந்த இடத்தில் இடறுகிறான் என்று பாருங்கள். நம் எழுத்து வெளியிலிருந்து பார்க்கிறவர்கள் நினைப்பதுபோல் அவ்வளவு சாது இல்லை. 'கெ'யில் கண் முதலில் பார்ப்பது கொம்பை, வாய் முதலில் சொல்ல வேண்டியது ககரத்தை. 'கொ'வில் உயிர்க்குறி இரண்டு பக்கமும் நின்று மெய்யைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. 'பம்பரம்' என்பதில் இரண்டு 'ப', இரண்டுக்கும் ஒலி வேறு. நமக்குப் பழகிவிட்டதால் தெரியவில்லை. பல மாதம் ஆகியும் அதே இடத்தில் இடறினால் வட்டார வள மையத்துச் சிறப்பாசிரியரிடம் காட்டுங்கள். மாற்றுத்திறனாளிகளுக்கான 1995-ஆம் ஆண்டுச் சட்டத்தில் 7 வகைக் குறைபாடுகள்தான் இருந்தன. 2016-இல் வந்த சட்டத்தில் 21 ஆயின. கற்றல் குறைபாடும் அதில் உண்டு. ஆனால் அந்தச் சொல்லை முதல் நாளே அவன் அம்மாவிடம் சொல்லாதீர்கள். 'பையனுக்குப் படிக்கிறதுல எங்கயோ சிக்குது, ஒரு டீச்சர் பார்த்துச் சொல்லட்டும்மா' என்றால் போதும்.

என் அக்கா நினைவுக்கு வருகிறாள். குடியாத்தத்தில் நாங்கள் இருந்த தெருவில் வீட்டுக்கு வீடு மடியில் பீடி முறம்தான். அக்கா ஆறாவது படிக்கும்போது கணக்கு வாத்தியார் போர்டில் 25-ஐ 40-ஆல் பெருக்கச் சொல்ல, அவளுக்கு வரவில்லை. பெஞ்சு மேல் ஏற்றி நிற்கவைத்தார். அன்றைக்குச் சாயங்காலம் பீடி கொடுக்கப் போனபோது, கழிவு என்று மூன்று கட்டை எடுத்துப் போட்டுவிட்டு கண்டிராக்டர் நோட்டில் ஏதோ எழுதினார். அக்கா எட்டிப் பார்த்தாள். "இன்னாண்ணா கணக்கு இது? ஆயிரத்துல மூணு கட்டு போனா தொள்ளாயிரத்து இருபத்தஞ்சு கீது. நீ இன்னா தொள்ளாயிரம்னு எழுதிக்கீற?" 25 பீடி ஒரு கட்டு, 40 கட்டு ஆயிரம். காலையில் போர்டில் இருந்ததும் இதே கணக்குத்தான். வாத்தியாருக்கு அது தெரியாது, அக்காவுக்கும் தெரியாது. அடுத்த வருடம் அவள் பள்ளிக்குப் போகவில்லை. ஆசிரியர்களைப் பற்றி எழுதும்போது எனக்கு வார்த்தை தடித்துவிடுவது இதனால்தான் என்று நினைக்கிறேன். அந்த வாத்தியார் மேல் இருந்த கோபம் உங்கள் மேல் விழுந்துவிட்டது.

அரசின் 'எண்ணும் எழுத்தும்' திட்டம் பற்றி நீங்கள் எழுதவில்லை, ஆனால் வகுப்பில் அதுதான் நடக்கிறது என்று தெரியும். கொரோனாவில் 19 மாதம் மூடிக் கிடந்த தொடக்கப் பள்ளிகள் 2021 நவம்பரில் திறந்தபோது, மூன்றாவது படிக்கிற பிள்ளை ஒன்றாவதின் பாதியில் நின்றிருந்தது. 2022-இல் அந்தத் திட்டத்தோடு அரும்பு, மொட்டு, மலர் என்று மூன்று நிலை வந்தது. நிலை பார்த்துப் பாடம் கொடுப்பது நல்ல யோசனை. பயம் ஒன்றே ஒன்றுதான். ஒரு பள்ளியில் ஒரு சிறுமி என்னிடம் "நாங்க அரும்புப் பசங்க சார்" என்று அறிமுகம் செய்துகொண்டாள். ஒரே பிள்ளை தமிழில் அரும்பாகவும் கணக்கில் மலராகவும் இருக்கலாம், தை மாதம் மாறலாம். அது பாடத்தின் பெயர். பிள்ளைக்கு ஒட்டிக்கொண்டால் பழைய தலை, இடை, கடைதான், பூப்பெயரில்.

நீங்கள் வேலைக்குச் சேர்ந்தபோது செயல்வழிக் கற்றல் அட்டைகள் இருந்திருக்கும். சித்தூரைத் தாண்டி மதனப்பள்ளி பக்கத்து ரிஷிவேலியில் கிராமத்துப் பள்ளிகளுக்காகச் செய்து பார்த்த முறை, சென்னை மாநகராட்சிப் பள்ளிகள் வழியாக வந்து மாநிலம் முழுக்கப் பரவியது. கடைசியில் அட்டையை எடுப்பதும் வைப்பதுமே சடங்காகிப் போன பள்ளிகளைப் பார்த்திருக்கிறேன். ஆனால் அதில் எனக்குப் பிடித்த விஷயம் ஏணிப்படி. செங்கல் சூளைக்கு அப்பா அம்மாவோடு போய்விட்டு இரண்டு மாதம் கழித்துத் திரும்புகிற பிள்ளை, விட்ட படியிலிருந்தே ஏறும். வகுப்பு எங்கோ போய்விட்டது என்று முழிக்காது. பழைய அட்டைகள் பீரோவில் கிடந்தால் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.

43 பாடம் யாராலும் முடியாது, நானும் அதைக் கேட்கவில்லை. ஒரு பாடத்தை எல்லாரும் வெவ்வேறு ஆழத்தில் செய்யலாம். பொய்கை மாட்டுச் சந்தையை எடுத்துக்கொள்ளுங்கள். செவ்வாய்க்கிழமை அங்கே போன தாத்தா யாராவது ஒருவர் ஊரில் இருப்பார், கூப்பிட்டுக் கதை கேளுங்கள். ஒன்றாவதுக்காரர்கள் மாட்டை வரைந்து பெயர் எழுதட்டும், மூன்றாவது விலைப்பட்டியல் எழுதட்டும். உங்கள் கிள்ளுகிற பையனிடம், வாங்குகிறவன் துண்டுக்குள் கைவிட்டு விரல் பிடித்துப் பேரம் பேசுகிற கணக்கைக் கொடுத்து, தரகு போக விற்றவன் கையில் எவ்வளவு என்று கேளுங்கள், அதை நாலாவதுக்குச் சொல்லித்தரவும் சொல்லுங்கள். எருமைக்குக் குளம் மாதிரி, அவன் சூட்டுக்கு அந்தத் தண்ணீர் போதும்.

அந்த மூன்றாவதுப் பெண்ணுக்குக் கனவு என்று எழுதுவதற்கு முன்னால் காதைப் பாருங்கள். பின்னால் நின்று, இடது பக்கம் ஒரு தடவை, வலது பக்கம் ஒரு தடவை, மெல்லக் கூப்பிடுங்கள். காதில் சீழ் வருகிறதா என்று அம்மாவைக் கேளுங்கள். பள்ளிக்கு வருகிற மருத்துவக் குழுவிடம் சொல்லுங்கள், அவர்கள் வரத் தாமதமானால் அடுக்கம்பாறை அரசு மருத்துவமனைக்கு அனுப்புங்கள். அதுவரைக்கும் முதல் வரிசை.

கடைசியாக, அடுத்த வருடம் வரப்போகிற குழந்தை. வேலூர் சி.எம்.சி.யில் மேரி வர்கீஸ் என்று ஒரு டாக்டர் இருந்தார். 1954-இல் ஒரு விபத்தில் முதுகுத்தண்டு போய், இடுப்புக்குக் கீழே செயலிழந்தது. பிறகு சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை சிகிச்சை செய்தார். கைக்கான அறுவையை உட்கார்ந்து செய்யலாம் என்பதுதான் அங்கே கிடைத்த வழி. நோயாளிக்குச் செய்கிற வைத்தியத்தில் ஒரு இம்மியும் குறையவில்லை. 1966-இல் பாகாயத்தில் திறந்த மறுவாழ்வு நிலையம் அவருடைய உழைப்பு. இதை ஏன் சொல்கிறேன் என்றால், அந்தக் குழந்தை சேருவதற்கு முன்பே உங்கள் ஸ்டாஃப் ரூமிலோ ஊரிலோ யாராவது 'சலுகை' என்று பேச ஆரம்பிப்பார்கள். சாய்தளம் இருக்கிறதா என்று இப்போதே போய்ப் பாருங்கள். இருந்தால், அது கழிப்பறை வரைக்கும் போகிறதா என்றும் பாருங்கள். சில பள்ளிகளில் வகுப்பு வாசலோடு நின்றுவிடுகிறது. இதற்கு எச்.எம். பி.ஆர்.சி.க்குப் போகும்போது ஒரு மனு எடுத்துக்கொண்டு போகட்டும், அங்கே போவதற்கும் ஒரு பயன் இருக்கும்.

வந்து வகுப்பு எடுத்துப் பார்க்கச் சொன்னீர்கள். வருகிறேன், ஆனால் எடுக்க மாட்டேன், எனக்கு அந்தத் திறமை இல்லை. நீங்கள் நடத்துங்கள், நான் அந்த நாலாவதுப் பையன் பக்கத்தில் பாயில் உட்கார்ந்துகொள்கிறேன். அவன் கிதாபை வாசித்தானா என்று அதற்குள் ஒரு வரி எழுதுங்கள். குடியாத்தம் பஸ் ஸ்டாண்டிலிருந்து உங்கள் ஊருக்கு எந்த நம்பர் டவுன் பஸ் என்பதையும்.