சோல் இசையும் புராகிரசிவ் ராக்கும் கலந்தால்: எங்கிருந்து கேட்கத் தொடங்கலாம்?

கேள்வி: அமெரிக்கக் கறுப்பினத்தவரின் சோல் நெஞ்சிலிருந்து வரும் இசை, நீளமாகவும் சிக்கலாகவும் அமையும் புராகிரசிவ் ராக் மூளையால் கட்டும் இசை என்கிறார்கள். இரண்டும் உண்மையாகவே கலந்த பாடல்கள் உண்டா? எதிலிருந்து தொடங்கலாம்?

பதில்:

உண்டு, நிறையவே உண்டு. ஆனால் நாம் பெரும்பாலும் ஒரு பக்கத்தில் மட்டும்தான் தேடுகிறோம். இங்கிலாந்து ராக் குழுக்கள் சோல் பாடகிகளைக் கூப்பிட்டுப் பின்னணியில் பாடவைத்த பாடல்கள்தான் உடனே நினைவுக்கு வரும். அவையும் நல்ல பாடல்களே. ஆனால் இந்தக் கலப்பு முழுசாக நடந்தது மெம்ஃபிஸிலும் டெட்ராய்ட்டிலும் சிகாகோவிலும் என்பது என் உறுதியான கருத்து. காலம் ஏறக்குறைய 1968 முதல் 1973 வரை. செய்தவர்கள் சோல் இசைக்காரர்கள். அவர்களுடைய ஆல்பங்கள் சோல் வரிசையில் வைத்து விற்கப்பட்டதால், அவற்றைப் புராக் (புராகிரசிவ் ராக்) என்று சொல்லும் வழக்கம் வரவே இல்லை.

நெஞ்சு, மூளை என்ற பிரிவினையே எனக்கு ஒப்பாது. புராக் இசையின் தொடக்கப் புள்ளிகளில் ஒன்றாகச் சொல்லப்படும் 'எ வைட்டர் ஷேட் ஆஃப் பேல்' பாட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். புரோக்கல் ஹாரம் குழு 1967-ல் வெளியிட்டது. அதன் ஆர்கனில் ஐரோப்பியச் செவ்விசைக்காரர் பாஹ் இருக்கிறார் என்று எல்லோரும் சொல்வார்கள். சரிதான். ஆனால் பாட்டின் நடையிலும் பாடகர் கேரி புரூக்கரின் குரலிலும் இருப்பவர் சோல் பாடகர் பெர்சி ஸ்லெட்ஜ். ஸ்லெட்ஜ் அலபாமாவில் பதிவுசெய்த 'வென் எ மேன் லவ்ஸ் எ வுமன்' அதற்கு முந்தைய வருடம் வந்தது. இரண்டையும் அடுத்தடுத்துப் போட்டுக் கேளுங்கள். படி படியாக இறங்கி வரும் பேஸ், அடியில் விடாமல் ஒலிக்கும் ஆர்கன், அதன் மேல் ஏங்கும் குரல். புரூக்கர் அதற்கு முன் இருந்த பாரமவுண்ட்ஸ் ஓர் ஆர் அண்ட் பி (சோலுக்கு மூலமான ரிதம் அண்ட் புளூஸ்) குழு என்பதையும் சேர்த்துக்கொண்டால், பாதி விஷயம் அங்கேயே விளங்கிவிடும்.

ஸ்லெட்ஜின் அந்தப் பாட்டுக்கு டிரம்ஸ் வாசித்தவர் ராஜர் ஹாக்கின்ஸ். அரீத்தா ஃபிராங்க்ளினின் 'ரெஸ்பெக்ட்' பாட்டிலும் அவர்தான். அதே ஹாக்கின்ஸை 1973-ல் ஸ்டீவ் வின்வுட்டின் இங்கிலாந்து ராக் குழுவான டிராஃபிக்கில் பார்க்கலாம். ஆட்களே இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் போய்வந்திருக்கிறார்கள்.

நியூயார்க் பக்கத்து ராக் குழுவான வனில்லா ஃபட்ஜையும் விட்டுவிட முடியாது. சுப்ரீம்ஸ் மூன்று நிமிடத்துக்குள் முடித்த 'யூ கீப் மீ ஹேங்கிங் ஆன்' பாட்டை அவர்கள் 1967-ல் ஏழு நிமிடத்துக்கு மேல் இழுத்து, வேகத்தைக் குறைத்து, ஹேமண்ட் ஆர்கனை முழங்கவிட்டார்கள். டீப் பர்ப்பிளும் யெஸ்ஸும் தொடக்கத்தில் இவர்களைக் கேட்டு வளர்ந்த குழுக்கள். எனக்கு இந்தப் பதிப்பு கொஞ்சம் அதிகமாகக் கத்துவதாகத் தோன்றும். ஆனாலும் டெட்ராய்ட்டின் மோட்டவுன் நிறுவனம் வெளியிட்ட ஒரு சோல் பாட்டுக்குள் இவ்வளவு இடம் இருக்கிறது என்று காட்டியது பெரிய விஷயம்.

அந்த இடத்தை நிஜமாகவே நிரப்பிக் காட்டியவர் ஐசக் ஹேய்ஸ். 'ஹாட் பட்டர்ட் சோல்', 1969. இந்தப் பதிலில் ஒரே ஒரு ஆல்பத்தைத்தான் கேட்பேன் என்றால் இதைக் கேளுங்கள்.

இது எப்படி வந்தது என்பதே ஒரு தனிக் கதை. மெம்ஃபிஸின் ஸ்டாக்ஸ் என்ற இசைத்தட்டு நிறுவனம் 1967 டிசம்பரில் தன் பாடகர் ஓட்டிஸ் ரெடிங்கை விமான விபத்தில் இழந்தது. அவரோடு வாசித்த பார்-கேய்ஸ் குழுவிலும் பெரும்பாலானோர் அதே விபத்தில் போய்விட்டார்கள். அடுத்த ஆண்டே அட்லாண்டிக் நிறுவனத்துடன் இருந்த ஒப்பந்தம் முறிந்து, ஸ்டாக்ஸ் தன் பழைய பாடல்களின் உரிமையையும் பறிகொடுத்தது. விற்பதற்குப் பாட்டே இல்லை. அப்போது பொறுப்பில் இருந்த ஆல் பெல் 1969-ன் நடுவில் 27 ஆல்பங்களை மொத்தமாக வெளியிட முடிவெடுத்தார். அதில் ஒன்று ஹேய்ஸுக்கு. அவருடைய முதல் ஆல்பம் விற்கவில்லை, அதனால் இந்த முறை எல்லாம் என் இஷ்டப்படிதான் என்றார் அவர். இருபத்தேழில் ஒன்றுதானே, என்னவோ செய்யட்டும் என்று விட்டார்கள். அப்படி வந்த ஆல்பத்தில் மொத்தமே நான்கு பாட்டுகள். பத்து லட்சத்துக்கு மேல் விற்றது.

முதல் பாட்டு 'வாக் ஆன் பை'. பர்ட் பாக்கரக்கும் ஹல் டேவிடும் எழுதி, டியான் வார்விக் 1964-ல் பாடிய மூன்று நிமிடப் பாட்டு. ஹேய்ஸ் அதைப் பன்னிரண்டு நிமிடம் ஆக்கினார். புதிதாகக் கூடிய பார்-கேய்ஸ்தான் பின்னால் வாசிக்கிறார்கள். வயலின்கள் பிறகு டெட்ராய்ட்டில் சேர்க்கப்பட்டவை. வயலின்கள் எழும், கிட்டார் கரகரத்துக்கொண்டே உள்ளே வரும், எல்லாம் அடங்கும், அப்புறம்தான் அந்த ஆழமான குரல் அவசரமே இல்லாமல் பேச ஆரம்பிக்கும். பிரிந்த காதலியிடம், தெருவில் என்னைப் பார்த்தால் பேசாமல் போய்விடு என்று கெஞ்சும் பாட்டு இது. மூன்று நிமிடத்தில் கேட்கும்போது அழகான சோகம். பன்னிரண்டு நிமிடத்தில், கெஞ்சி முடித்த பிறகும் உள்ளே ஓயாத புயலைக் கிட்டாரும் ஆர்கனும் சொல்லிக்கொண்டே போகின்றன. வார்த்தை தீர்ந்த பின் நீளும் அந்தப் பகுதி இல்லாவிட்டால் இந்தப் பாட்டு எனக்கு முழுமையாகாது.

கடைசிப் பாட்டான 'பை த டைம் ஐ கெட் டு ஃபீனிக்ஸ்' பதினெட்டு நிமிடத்துக்கு மேல் ஓடும். அதன் முதல் பாதியில் ஹேய்ஸ் பாடுவதே இல்லை, கதை சொல்கிறார். பின்னால் ஒரே ஆர்கன் சுரம், சன்னமான தாளம். மெம்ஃபிஸ் கிளப் ஒன்றில் ஆட்கள் தங்களுக்குள் பேசிக்கொண்டிருந்தபோது அவர்களைக் கவனிக்கவைக்க இப்படிப் பேச ஆரம்பித்ததாக அவரே சொல்லியிருக்கிறார்.

இங்கேதான் இரண்டு இசைகளின் வேலை முறை வேறுபடுகிறது. புராக் குழுக்கள் ஒரு பாட்டை நீட்ட வேண்டும் என்றால் மாற்றிக்கொண்டே இருப்பார்கள். தாளம் மாறும், சுருதி மாறும், ஒரு பகுதி முடிந்து இன்னொன்று வரும். சோல் பக்கத்தில் ஒரே இடத்தில் நின்றுகொண்டே நீட்டினார்கள். டெட்ராய்ட்டில் நார்மன் விட்ஃபீல்ட் தயாரித்து டெம்ப்டேஷன்ஸ் பாடிய 'பாப்பா வாஸ் எ ரோலிங் ஸ்டோன்' 1972-ல் வந்தது. பாட்டு முழுக்க ஒரே கார்டுதான் (சேர்ந்து ஒலிக்கும் ஒரே சுரக்கூட்டு). பேஸ் கிட்டார் சில சுரங்களை வாசித்துவிட்டு நிறுத்தும், மறுபடி வாசிக்கும். டிரம்ஸின் ஹை-ஹாட் தட்டுகள் விடாமல் ஒலிக்கும். அதன் மேல் வயலின், வா-வா கிட்டார், எங்கோ தூரத்தில் ஒரு டிரம்பெட் என்று ஒவ்வொன்றாக வந்து விலகும். ஆல்பத்தில் உள்ள பதிப்பில் குரல் வருவதற்கே ஏறக்குறைய நான்கு நிமிடம் ஆகும். குரல் வந்ததும், செத்துப்போன அப்பாவைப் பற்றிப் பிள்ளைகள் அம்மாவிடம் கேட்கும் கேள்விகள். நாம் அதற்குள் அந்த வீட்டின் இருட்டுக்குப் பழகியிருப்போம். புராக்கின் பொறுமையும் சோலின் வலியும் இதைவிடக் கச்சிதமாகப் பொருந்திய இடம் குறைவு. இதை முதலில் பதிவுசெய்தவர்கள் அன்டிஸ்பியூட்டட் ட்ரூத் என்ற இன்னொரு மோட்டவுன் குழு. அவர்கள் பதிப்பு சுருக்கமானது, அந்த அளவுக்குப் பிடித்து இழுக்காது.

நிற்பது, மாறுவது இரண்டையும் சேர்த்துச் செய்தவர் சிகாகோவின் சார்ல்ஸ் ஸ்டெப்னி. இவர் பெயர் இன்னும் நிறையப் பேருக்குத் தெரியாதது எனக்கு உண்மையிலேயே வருத்தம். செஸ் என்ற இசைத்தட்டு நிறுவனத்தில் இசை அமைப்பாளராக இருந்தவர், பியானோவும் வைப்ரஃபோனும் வாசிப்பவர். ரோட்டரி கனெக்‌ஷன் குழுவுக்காக அவர் எழுதிய வயலின் கூட்டமும் குரல் கூட்டமும் ராக் கிட்டாரும் ஒன்றை ஒன்று அமுக்காமல் சேர்ந்து நகரும். அதே நிறுவனத்தில் வரவேற்பாளராக வேலை பார்த்த மின்னி ரிப்பர்டன்தான் அந்தக் குழுவின் உச்சக் குரல். பல இடங்களில் அவர் சொற்களே இல்லாமல், ஒரு வாத்தியமாகப் பாடுவார். 1971-ல் வந்த 'ஐ ஆம் த பிளாக் கோல்ட் ஆஃப் த சன்' பாட்டைக் கேளுங்கள். மென்மையாகத் தொடங்கும் கிட்டார், நடுவில் பாய்ந்து வரும் மின்கிட்டார், கடைசியில் கூட்டமாக எழும் குரல்கள். கறுப்பினத்தவரின் பெருமிதத்தைச் சொல்லும் பாட்டு, சிம்ஃபொனியைப் போலக் கட்டப்பட்டிருக்கிறது. ஸ்டெப்னி பிறகு எர்த், விண்ட் அண்ட் ஃபயர் குழுவோடு வேலை செய்தார். 1976-ல், 45 வயதிலேயே இறந்துவிட்டார்.

இதே காலத்தில் மார்வின் கே ஒரு ஆல்பம் முழுவதையும் வியட்நாமிலிருந்து திரும்பும் ஒருவனின் பார்வையில், பாட்டோடு பாட்டை இணைத்துப் பாடினார். ஸ்டீவி வொண்டர் மால்கம் செசில், ராபர்ட் மார்குலெஃப் இருவரும் உருவாக்கிய டான்டோ என்ற பிரம்மாண்ட சிந்தசைஸரை எடுத்துக்கொண்டார். இரண்டைப் பற்றியும் ஏற்கெனவே நிறைய எழுதியிருக்கிறார்கள், நான் நீட்டவில்லை.

சரி, இங்கிலாந்துப் புராக் குழுவான பிங்க் ஃபிளாய்ட். உங்களில் பலர் அங்கிருந்துதான் வருவீர்கள், நானும் அப்படித்தான் வந்தேன். 1973-ல் வந்த 'த டார்க் சைட் ஆஃப் த மூன்' ஆல்பத்தில் பின்னணி பாடியவர்களில் ஒருவர் டோரிஸ் ட்ராய், 1963-லேயே 'ஜஸ்ட் ஒன் லுக்' பாடிப் புகழ்பெற்ற சோல் பாடகி. 'மணி' பாட்டு ஏழு எண்ணிக்கையில் ஓடும், கிட்டார் தனியாக வாசிக்கும் பகுதி வரும்போது நான்குக்கு மாறும். ஆனால் அதன் குரூவ் (ஆடவைக்கும் தாள நடை) ஸ்டாக்ஸின் புக்கர் டி குழுவிடமிருந்து வந்தது. ஃபிளாய்டின் கிட்டார் கலைஞர் டேவிட் கில்மர் அவர்களுடைய ரசிகர். 'த கிரேட் கிக் இன் த ஸ்கை' பாட்டில் கிளேர் டோரி சொற்களே இல்லாமல் பாடியது எல்லோருக்கும் தெரியும். அந்தப் பாட்டை உருவாக்கியதில் அவருக்கும் பங்கு உண்டு என்ற அங்கீகாரம், அவர் வழக்குப் போட்ட பிறகு 2005-ல்தான் கிடைத்தது. அந்தக் குரலை எடுத்துவிட்டால் அங்கே என்ன மிஞ்சும்? அழகான ஒரு பியானோ வரிசை.

அதற்குப் பிறகு ஜெனிசிஸ் என்ற இங்கிலாந்துப் புராக் குழு 1981-ல் எர்த், விண்ட் அண்ட் ஃபயரின் ஊதுகருவிக் கலைஞர்களைச் சேர்த்துக்கொண்டது. அந்தக் குழுவின் முன்னாள் பாடகர் பீட்டர் கேப்ரியல் 'ஸ்லெட்ஜ்ஹாமர்' பாட்டுக்கு, ஓட்டிஸ் ரெடிங்கின் பதிவுகளில் வாசித்த வேய்ன் ஜாக்சனை அழைத்தார். நல்ல பாப் பாடல்கள், ஆனால் அவற்றில் புராக் போய்விட்டது, சோல் மட்டும் தங்கியது.

இப்போதைய இசையில் கேட்க வேண்டுமானால் இங்கிலாந்துப் பாடகர் மைக்கேல் கிவனுகாவின் 'கோல்ட் லிட்டில் ஹார்ட்', 2016. பத்து நிமிடம் ஓடும். ஏறக்குறைய பாதி நேரம் வயலின்களும் கிட்டாரும் சொற்களில்லாத குரல்களும்தான், பிறகுதான் பாட்டின் வரிகள் தொடங்கும். 'பிக் லிட்டில் லைஸ்' தொடரின் தொடக்கத்தில் வருவது இதன் ஒரு சிறு துண்டு மட்டுமே.

கேட்கும் வரிசை என்று கேட்டால்: பிங்க் ஃபிளாய்ட் பழக்கம் உள்ளவர்கள் கிவனுகாவில் தொடங்கி ஹேய்ஸுக்குப் போகலாம். சோல் பழக்கம் உள்ளவர்கள் டெம்ப்டேஷன்ஸில் தொடங்கி ஸ்டெப்னிக்குப் போகலாம். எந்தத் தளத்தில் கேட்டாலும் பாட்டின் நீளத்தைப் பார்த்துவிட்டு அழுத்துங்கள். ஹேய்ஸுக்கும் டெம்ப்டேஷன்ஸுக்கும் வானொலிக்காக வெட்டிய சிறு பதிப்புகள் உண்டு, பெரும்பாலான தொகுப்புகளில் அவைதான் இருக்கும். 'வாக் ஆன் பை' பன்னிரண்டு நிமிடம் காட்ட வேண்டும். 'பாப்பா'வும் கிட்டத்தட்ட அவ்வளவே.